பெயர் ஒத்துப்போகிறதாம்!

வீட்டிலிருந்தே போர்டிங் பாஸ் எடுக்கப் பார்க்கும்போது ‘கவுண்டருக்கு வரவும்’ என்று மட்டும் திரையில் வந்தால் எனக்குப் புரிந்துவிடும். அமெரிக்கா போகும் அந்தச் சீட்டில் ‘எஸ்’ என்ற எழுத்து வரிசையாக நான்கு முறை அச்சாகியிருக்கும். கூடுதல் சோதனைக்குப் பொறுக்கி எடுக்கப்பட்ட ஆள் என்று அதற்குப் பொருள். பையைக் குடைவார்கள், உள்ளங்கையில் துணியைத் தடவி வெடிமருந்துத் துகள் இருக்கிறதா என்று இயந்திரத்தில் வைத்துப் பார்ப்பார்கள், லேப்டாப்பை ஆன் செய்து காட்டச் சொல்வார்கள். சற்று நேரத் தொல்லை, அவ்வளவுதான்.

நிஜமான சங்கதி இறங்கிய பிறகுதான். இமிக்ரேஷன் கவுண்டரில் இருப்பவர் திரையைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், பாஸ்போர்ட்டை ஓர் உறைக்குள் போட்டு இன்னொருவர் கையில் கொடுப்பார். அவர் பின்னாலேயே போனால் ‘செகண்டரி’ என்று எல்லோரும் சொல்லும் அறை. அங்கே போனைத் தொடக்கூடாது. வெளியே காத்திருக்கும் மச்சானுக்குச் சேதி சொல்ல வழியில்லை. பக்கத்தில் கைக்குழந்தையோடு ஒரு பெண், எதிரே மாணவர்கள், மூலையில் வயதான தம்பதி. எதற்காக உட்கார வைத்திருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. கேட்டால் “கூப்பிடுவோம்” என்பார்கள்.

நான் கீழக்கரைப் பக்கம். பெயரின் முன்பாதி முகமது. எங்கள் ஊர்த் தெருவில் நின்று அந்தப் பெயரைக் கூப்பிட்டால் பாதி வீட்டு வாசலில் ஆள் வந்து நிற்கும். பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் மட்டும். பாஸ்போர்ட் எடுக்கும்போது இனிஷியலை விரித்து வாப்பா பெயரைக் குடும்பப் பெயர் இடத்தில் போட்டேன். முகமதுவுக்கு ஒரு எம்மா, இரண்டு எம்மா, கடைசியில் ஏ-யா, இ-யா என்பதில் எங்கள் வீட்டு ஆவணங்களுக்குள்ளேயே ஒற்றுமை கிடையாது. கண்காணிப்புப் பட்டியலில் உள்ள பெயரோடு பயணியின் பெயரை ஒப்பிடும் கணினி, எழுத்து சற்று முன்பின்னாக இருந்தாலும் விடாது. அதனால்தான் இப்போதெல்லாம் டிக்கெட் எடுக்கும்போதே முழுப்பெயர், பிறந்த தேதி, பாலினம் மூன்றையும் கேட்கிறார்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் ஆள் வேறு என்று பிரித்துக் காட்ட அவைதான் உதவும்.

பெயர்ப் பொருத்தம் பார்த்துத் தடுப்பது எங்களுக்கு மட்டும் நேர்வதல்ல. செனட்டர் எட்வர்ட் கென்னடியையே விமான நிலையங்களில் பலமுறை நிறுத்தியிருக்கிறார்கள். 2004-ல் செனட் விசாரணையில் அவரே அதைச் சொன்னார். ஆனால் அவரால் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் தலைவரிடம் நேரடியாகப் பேச முடிந்தது. எங்கள் மாவட்டத்துக்காரர் அப்துல் கலாமை 2009-ல் டெல்லியிலும் 2011-ல் நியூயார்க்கிலும் சோதித்தார்கள். பிறகு வருத்தம் தெரிவித்தார்கள். “கலாமுக்கே அந்தக் கதி, நீ எம்மாத்திரம்?” என்று ஊரில் எனக்கு ஆறுதல் சொல்வார்கள். எனக்கு அது ஆறுதலாக இல்லை. மன்னிப்புக் கேட்க ஆள் இருந்தவர்கள் அவர்கள்.

ஸ்டான்ஃபோர்டில் ஆராய்ச்சி மாணவியாக இருந்த மலேசியப் பெண் ரஹீனா இப்ராஹிமுக்கு அப்படி யாரும் இல்லை. 2005 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில், சக்கர நாற்காலியில் இருந்தவரைக் கைவிலங்கிட்டுக் கொண்டுபோனார்கள். மறுநாள் ஊருக்குப் போக விட்டார்கள். பிறகு விசாவை ரத்து செய்ததால் திரும்பி வர முடியவில்லை. வழக்கு நடத்தி 2014-ல் தீர்ப்பு வந்தபோதுதான் உலகத்துக்குக் காரணம் தெரிந்தது: எஃப்பிஐ ஏஜென்ட் ஒருவர் படிவத்தில் டிக் செய்ய வேண்டிய கட்டங்களை மாற்றி டிக் செய்திருக்கிறார்!

‘மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை’ என்று நம்மவர்கள் சொல்வதை நான் இந்த விஷயத்தில் ஏற்பதில்லை. டாக்டர் முகமது ஹனீஃபின் மடியில் என்ன கனம் இருந்தது? பெங்களூரில் பிறந்திருந்த மகளைப் பார்க்க 2007 ஜூலை 2-ஆம் தேதி ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் விமான நிலையத்துக்கு வந்தவரைக் கைது செய்தார்கள். கையில் இருந்தது ஒருவழி டிக்கெட். பிரிட்டனில் இருந்தபோது தன் சிம் கார்டை உறவினர் ஒருவரிடம் விட்டுவந்திருந்தார். அந்த உறவினர் லண்டன், கிளாஸ்கோ தாக்குதல் வழக்கில் சிக்கினார். தாக்குதலுக்குப் பயன்பட்ட வாகனத்தில் அந்த சிம் கிடைத்தது என்று நீதிமன்றத்தில் சொன்னார்கள். உண்மையில் அது கிடைத்தது லிவர்பூலில். குற்றச்சாட்டே பதியாமல் 12 நாள் வைத்திருந்தார்கள். அந்த மாதக் கடைசியில் வழக்கு கைவிடப்பட்டது, 2010-ல் இழப்பீடும் கிடைத்தது. அதற்குப் பிறகு நான் யாருக்கும் என் பெயரில் உள்ள சிம்மைக் கொடுத்துவிட்டு வருவதில்லை. மச்சான் கோபித்துக்கொண்டார், பரவாயில்லை.

அந்த அறையில் நியாயம் பேசிப் பயனில்லை என்பது என் எண்ணம். எதிரே இருப்பவருக்கு என் குணம் தெரிய வேண்டியதில்லை, திரையில் இருக்கும் ஆள் நான் இல்லை என்று தெரிந்தால் போதும். ஆகவே வேலை பார்க்கும் இடத்தின் கடிதம், விசா அனுமதித் தாள், தங்கும் வீட்டு முகவரி, திரும்பும் டிக்கெட் எல்லாவற்றையும் அச்செடுத்துக் கையில் வைத்திருப்பேன். போனைத் தொட விடாத அறையில் போனுக்குள் இருக்கும் தாள் எதற்கு ஆகும்? கேட்டதற்கு மட்டும் பதில். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுவேன். உத்தேசமாகச் சொன்ன தேதி தாளில் உள்ள தேதியோடு மோதினால் அங்கிருந்து வேறு கதை தொடங்கிவிடும். பொய் கூடவே கூடாது. நகைச்சுவையும் வேண்டாம்.

ஊரிலிருந்து வரும் பெரியவர்கள் விஷயத்தில்தான் எனக்குக் கவலை அதிகம். மகளின் பிரசவத்துக்கு வரும் உம்மாவிடம் எதற்கு வருகிறீர்கள் என்று கேட்டால், “பிள்ளையப் பாத்துக்க வர்றேன் தம்பி” என்பார். விசிட்டர் விசாவில் வந்து பிள்ளை பார்க்கும் வேலை செய்யப் போகிறாரோ என்று அதிகாரிக்குத் தோன்ற அது போதும். மகளையும் பேரப்பிள்ளையையும் பார்க்க வருகிறேன் என்பதும் உண்மைதான். அதைச் சொல்லப் பழக்குங்கள். நம் தலையாட்டல் ஆமாமா இல்லையா என்று அவர்களுக்குப் பிடிபடாது. புரியாத கேள்விக்கு ‘எஸ், எஸ்’ என்பது அதைவிட ஆபத்து. “தமிழ், இன்டர்ப்ரெட்டர்” என்ற இரண்டு சொற்கள் போதும். தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளரைப் பிடிக்க வழியுண்டு. எழுதிச் சட்டைப்பையில் வைத்து அனுப்புங்கள்.

போனைத் திறக்கச் சொன்னால்? அமெரிக்கக் குடிமகன் மறுத்தால் போனை எடுத்து வைத்துக்கொள்ளலாம், நாட்டுக்குள் வரவிடாமல் தடுக்க முடியாது. விசாவில் வருபவரைத் திருப்பியனுப்பவே முடியும். நான் திறந்து கொடுத்துவிடுகிறேன். மனசு கூசும், ஆனாலும் கொடுக்கிறேன். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாரோ பெரியப்பா மகன் தள்ளிவிடும் வீடியோக்கள் தானாகப் போனில் இறங்குவதை நிறுத்தி வைத்திருக்கிறேன். சாதனத்துக்குள் இருப்பதைத்தான் அவர்கள் பார்க்கலாம், இணையத்தில் இருப்பதை அல்ல என்பது அவர்கள் விதி.

கையெழுத்து விஷயம் எல்லாவற்றையும்விட முக்கியம். நீங்கள் சொன்னதாக ஒரு வாக்குமூலத்தை எழுதி நீட்டினால் வரி வரியாகப் படித்து, தவறு இருந்தால் திருத்தச் சொல்லுங்கள். உடனடி வெளியேற்ற உத்தரவு போட்டால் குறைந்தது 5 ஆண்டு அந்த நாட்டுக்குள் நுழையத் தடை. நுழைய விண்ணப்பித்ததை நானே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று கேட்கலாம். அதிகாரி ஒப்புக்கொண்டால் அந்தத் தடை வராது. பயந்து போனவர்களுக்கு இந்த இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

வெளியே வந்ததும் தூங்கிவிடாமல் தேதி, விமான எண், நடந்தது எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் ‘டிரிப்’ திட்டத்தில் மனுப் போடுங்கள். 2007 முதல் இருக்கிறது, கட்டணம் இல்லை. ரெட்ரெஸ் எண் என்று ஒன்று தருவார்கள். டிக்கெட் எடுக்கும்போதெல்லாம் அதைச் சேர்க்க வேண்டும். நீங்கள் பட்டியலில் இருந்தீர்களா, இல்லையா என்பதை அந்தக் கடிதம் பெரும்பாலும் சொல்லாது. சம்பந்தமில்லாதவனுக்கு அதைக்கூடச் சொல்ல மாட்டார்களா என்ற எரிச்சல் எனக்கு இன்னும் தீரவில்லை. எண் வந்த பிறகு என்னைக் கூப்பிடுவது குறைந்திருக்கிறது. அடியோடு நிற்கவில்லை.

ஆகவே டிக்கெட் எடுக்கும்போது, இறங்கும் ஊரில் அடுத்த விமானத்துக்கு நான்கு மணி நேரமாவது இடைவெளி விடுகிறேன். இரண்டு விமானத்தையும் ஒரே டிக்கெட்டாக எடுத்திருந்தால், தவறவிட்டாலும் பெரும்பாலும் அடுத்ததில் ஏற்றிவிடுவார்கள். மலிவாகக் கிடைக்கிறதென்று தனித்தனியாக எடுத்தால் அந்தப் பணம் போனதுதான்.