வரப்புக் கல்லுக்கு வழவழப்பு

போளூரில் மாணிக்கம் கிடைக்காது. வைடூரியமும் கிடைக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல் உருட்டி மெருகேற்றுகிறேன் என்று சொன்னதும் பாதிப் பேர் கேட்கிற கேள்வி, "விலை போகுமா?" என்பதுதான். போகாது. கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி என்று மேற்கே வந்தால் எங்கள் போளூர்ப் பக்கம். இங்கே நிலத்தில் கிடப்பது எல்லாம் வீட்டுச் சுவருக்கும் படிக்கட்டு வயலின் கரைக்கும் உதவுகிற சாதாரணக் கல். அதை ஒரு மாதம் உருட்டினால் கண்ணாடி போல மின்னும், அவ்வளவுதான் லாபம்.

பூண்டுக்கோ உருளைக்கிழங்குக்கோ காட்டை உழுதால் ஒவ்வொரு உழவுக்கும் புதிதாகக் கல் கிளம்பும். பொறுக்கி வரப்பில் போடுவார்கள். அந்தக் குவியல்தான் என் சுரங்கம். அதில் முக்கியமாக மூன்று வகை. முதலாவது கருங்கல். புவியியல்காரர்கள் சார்னகைட் என்பார்கள். பழனி மலையின் பெரும்பகுதி இதுதான். பூமிக்குள் வெகு ஆழத்தில், கடும் சூட்டில் உருவானது. வெளியே சாம்பல் நிறமாகத் தெரிந்தாலும் உடைத்துப் பார்த்தால் எண்ணெய் தடவியது மாதிரி ஒரு பச்சை கலந்த கறுப்பு இருக்கும். பல்லாவரம், பரங்கிமலையில் இருப்பதும் இதே இனம். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக்கு வைத்த கல்லும் இதுவே. அதைப் பார்த்துத்தான் 1893-ல் ஹாலண்ட் என்ற புவியியலாளர் இந்தப் பெயரை வைத்தார். இரண்டாவது, வெள்ளையும் கறுப்புமாக வரி ஓடிய நைஸ் கல். மூன்றாவது வெங்கச்சங்கல், அதாவது குவார்ட்ஸ். சில கற்களில் மிளகு அளவுக்குச் சிவப்பாக கார்னெட் பதிந்திருக்கும். பார்க்க ஆசையாக இருக்கும். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இந்தப் பொழுதுபோக்கில் முக்கால்வாசி வேலை கல்லைத் தேர்ந்தெடுப்பதிலேயே முடிந்துவிடுகிறது. மெஷின் கல்லுக்கு எதையும் புதிதாகக் கொடுப்பதில்லை. உள்ளே இருப்பதைத்தான் வெளியே கொண்டுவரும். மெருகேறினால் எப்படி இருக்கும் என்று அறிய எளிய வழி, கல்லை நனைத்துப் பார்ப்பது. காய்ந்த கல்லின் மேல் லட்சக்கணக்கான கீறல்கள் இருக்கும். வெளிச்சம் அதில் பட்டுச் சிதறுவதால் நிறம் மங்கித் தெரியும். தண்ணீர் அந்தக் கீறல்களை நிரப்பிவிடுவதால் நிறம் எழும்புகிறது. நாம் ஒரு மாதம் மெனக்கெட்டுச் செய்வதும் அந்தக் கீறல்களை இல்லாமல் ஆக்கும் வேலைதான். நனைத்த பிறகும் பிடிக்காத கல் மெருகேறிய பிறகும் பிடிக்காது.

அடுத்தது காது. இரண்டு கல்லைக் கையில் எடுத்து லேசாகத் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் உள்ளே கெட்டி. பொத்தென்று கேட்டால் உள்ளே விரிசலோ, மழையிலும் வெயிலிலும் ஊறி மக்கின பகுதியோ இருக்கிறது. மலையில் மழை அதிகம், அதனால் மக்கின கல்லும் அதிகம். பிறகு பேனாக்கத்தியால் ஒரு கீறல். கத்தியின் இரும்பு, கடினத்தன்மை அளவுகோலில் ஏறத்தாழ ஐந்தரை. குவார்ட்ஸ் 7, ஃபெல்ட்ஸ்பார் 6. கத்தியால் கீறல் விழுந்தால் அந்தக் கல் நமக்கு ஆகாது. கீறாமல் இரும்பின் கோடு மட்டும் பென்சில் எழுதியது போலக் கல் மேல் படிந்தால் கூடையில் போடலாம்.

வரிக்கல்லில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். ஓடைத் தண்ணீரில் கிடக்கும்போது அத்தனை அழகு. ஆனால் கறுப்பு வரியில் பெரும்பாலும் காக்காப்பொன் இருக்கும். அதன் கடினத்தன்மை 3-ஐத் தாண்டாது. வெள்ளை வரி தேய்வதற்குள் கறுப்பு வரி அரித்துப்போய்ப் பள்ளமாகிவிடும். பள்ளத்தில் சாணைத்தூள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். கார்னெட் பதிந்த கல்லில் கதை தலைகீழ். கார்னெட் கெட்டியாக நிற்க, சுற்றிலும் இருப்பது கரைந்து, கடைசியில் அது உதிர்ந்து குழிதான் மிஞ்சும். தொடங்குகிறவர்கள் வெங்கச்சங்கல்லில் தொடங்குங்கள். ஒரே பொருளால் ஆனது, சீராகத் தேயும். கருங்கல்லைத் தனியாக ஒரு சுற்று போடுங்கள். இரண்டையும் கலக்காதீர்கள்.

மெஷின் பெரிய விஷயமில்லை. ரப்பர் ஹோஸ் மாட்டிய இரண்டு இரும்பு ராடு, அதன் மேல் படுத்துச் சுழலும் ஒரு டப்பா. நான் 110 மில்லிமீட்டர் பிவிசி பைப்பை வெட்டி, ஒரு பக்கம் மூடி ஒட்டி, மறுபக்கம் திறந்து மூடும் மூடி போட்டு, உள்ளே பழைய லாரி டியூப்பை வெட்டி ஒட்டியிருக்கிறேன். ரப்பர் இல்லாவிட்டால் சத்தமும் தாங்காது, கல்லும் விளிம்பில் சில்லு பெயரும். ஹோஸோடு சேர்த்து ராடு 20 மில்லிமீட்டர் தடிமன். 240 சுற்று ஓடும் சின்ன கியர் மோட்டாரை நேராக ராடில் கோத்தால் டப்பா நிமிடத்துக்கு 44 சுற்றுக்குப் பக்கத்தில் ஓடும். அது போதும். இன்னும் வேகமாகச் சுற்றினால் கற்கள் மேலேறி எகிறி விழுந்து உடையும். கல் தேய்வது விழும்போது அல்ல, ஒன்றின் மேல் ஒன்று வழுக்கி இறங்கும்போதுதான். டப்பாவில் காதை வைத்தால் சரசரவென்று ஒரே சீராகக் கேட்க வேண்டும். டக் டக்கென்று கேட்டால் கல் குறைவு. சத்தமே இல்லையென்றால் திணித்துவிட்டீர்கள்.

என் பெரியப்பா இதைப் பார்த்துவிட்டு, "ஏன்டா, கல்லைப் போட்டுக் கல்லையே எடுக்கிறதுக்கா இம்புட்டுக் கரண்டு?" என்றார். 25 வாட் மோட்டார் ராத்திரி பகலாக முப்பது நாள் ஓடினாலும் 18 யூனிட்தான் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். "அப்ப சரி, ஓட்டு. மாட்டுக்கொட்டாயில வச்சு ஓட்டு" என்றார். நியாயம்தான். வீட்டுக்குள் வைத்தால் யாரும் தூங்க முடியாது.

டப்பாவில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கல். எல்லாம் ஒரே அளவாக இருக்கக் கூடாது. பெரிது நாலைந்து, மற்றது புளியங்கொட்டை வரை பொடிசு. சின்னக் கல்தான் பெரிய கல்லின் குழிவுக்குள் சாணைத்தூளைக் கொண்டுபோய்த் தேய்க்கும். மேல் வரிசைக் கல்லின் தலை மட்டும் தெரிகிற அளவுக்குத் தண்ணீர். ஒரு கிலோ கல்லுக்கு நாலு மேஜைக்கரண்டி சாணைத்தூள், அதாவது சிலிக்கான் கார்பைடு. மொசைக் தரை பாலிஷ் போடுகிறவர்களுக்கும் கிரானைட் பட்டறைக்காரர்களுக்கும் பழக்கமான சரக்கு. அவர்கள் வாங்கும் கடையிலேயே நம்பர் சொல்லிக் கேட்டால் கிடைக்கும். முதலில் 60 அல்லது 80 நம்பர், அடுத்து 220, பிறகு 500 அல்லது 600. கடைசியில் மெருகுக்கு அலுமினியம் ஆக்சைடு, அல்லது கண்ணாடி பாலிஷுக்குப் போடும் சீரியம் ஆக்சைடு. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம் வையுங்கள்.

வாரக் கணக்கு முதல் கட்டத்துக்கு மட்டும் பொருந்தாது. கல்லின் உருவம் முழுக்க அங்கேதான் தீர்மானமாகிறது. பின்னால் வரும் தூள்கள் கீறலைக் குறைக்குமே தவிரப் பள்ளத்தை அகற்றாது. ஒரு வாரம் முடிந்ததும் கொட்டிக் கழுவி, காயவைத்து, ஒவ்வொரு கல்லையும் வெயிலில் திருப்பிப் பாருங்கள். மூக்கும் மூலையும் போய், குழியில்லாமல் உருண்டிருப்பதை ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மற்றதைப் புதுத் தூளோடு மறுபடி டப்பாவில் போடுங்கள். சில கல் மூன்று வாரம்கூட அங்கேயே கிடக்கும். எடையில் நாலில் ஒரு பங்கு கரைந்துபோவதும் உண்டு, வருத்தப்பட வேண்டாம். நடுவில் தினமும் ஒருமுறை மூடியைத் திறந்து மூடுங்கள். சில கற்களிலிருந்து வாயு கிளம்பி டப்பா உப்பும். உள்ளே குழம்பு தோசை மாவுப் பதத்தில் இருந்தால் சரி. அதைவிடக் கெட்டியானால் தண்ணீர் சேர்க்க வேண்டும்.

ஒரு தூளிலிருந்து அடுத்ததற்கு மாறும்போது சுத்தம்தான் முக்கியம். 60 நம்பர் தூளில் ஒரே ஒரு மணல் மூடியின் விளிம்பில் ஒட்டியிருந்தாலும் போதும், மெருகு வாரத்தில் அத்தனை கல்லையும் கீறிவிடும். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் விளிம்பு, மூடி, கல்லில் இருக்கும் இடுக்கு எல்லாவற்றையும் தேய்த்து, மூன்று நாலு தண்ணீரில் அலசுங்கள். விரிசல் விட்ட கல்லை இரக்கம் பார்க்காமல் வெளியே எடுத்துவிடுங்கள். மெருகுக்குத் தனி டப்பா வைத்துக்கொள்வது உத்தமம். மெருகு முடிந்ததும் சோப்புத்தூளும் தண்ணீரும் விட்டு ஒரு நாள் ஓட்டினால் கல்லில் படிந்த மாவு விடும். மழைக்காலத்தில் கரண்ட் அடிக்கடி போகும். மணிக்கணக்கில் நின்றால் தூள் அடியில் இறுகிவிடும், கையால் குலுக்கிவிட்டு ஓட்ட வேண்டும்.

கரண்ட் இல்லாத காலத்தில் இதைச் செய்யாமல் இருந்தார்களா என்ன? குஜராத்தில் கம்பாத் ஊர் மணிக்காரர்கள் தோல் பையில் மணிகளையும் குருந்தத் தூளையும் தண்ணீரையும் போட்டுக் கட்டி, எதிரெதிரே உட்கார்ந்த இரண்டு பேர் நாட்கணக்கில் அந்தப் பையை இங்கும் அங்குமாக உருட்டுவார்கள். என் டப்பா செய்வதும் அதே வேலை. நம் பக்கத்தில் நொய்யல் கரைக் கொடுமணலில் 1985-லிருந்து பேராசிரியர் கா. ராஜன் தோண்டியபோது, பச்சைக்கல், படிகம், சூதுபவளம் என்று மணி செய்கிற பட்டறையே வெளிப்பட்டது. முடிந்த மணியும் பாதியில் நின்ற மணியும் அங்கே கிடந்தன. அந்த மணிகளில் தெரிகிற வழவழப்பு எத்தனை பேர் கை உழைப்போ!

இரண்டு எச்சரிக்கை. தேய்த்த குழம்பைச் சாக்கடைக் குழாயில் ஊற்றினால் அடியில் படிந்து சிமெண்ட்டாக இறுகும். ஓடையில் ஊற்றவே கூடாது. இந்தச் சரிவின் தண்ணீர் கீழே அமராவதிக்குப் போகிறது. ஒரு வாளியில் தெளியவைத்து, மேல் தண்ணீரை வடித்துவிட்டு, அடிமண்ணைக் குழியில் புதைத்துவிடுங்கள். இன்னொன்று, கல்லை உலர்ந்த நிலையில் அரைக்கவோ வெட்டவோ வேண்டாம். குவார்ட்ஸ் தூசி நுரையீரலில் போனால் சிலிகோசிஸ். கல் குவாரிகளில் எத்தனையோ பேரை முடக்கிய நோய் அது. டப்பாவில் தண்ணீரோடு ஓடும்போது அந்தப் பயம் இல்லை. காய்ந்த குழம்பைத் துடைப்பத்தால் கூட்டும்போதுதான் ஆபத்து. ஈரத்துணியால் துடையுங்கள்.

கல் பொறுக்க இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சுற்றிலும் உள்ள காட்டில் பெரும்பகுதி 2013-ல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் ஆகிவிட்டது. காட்டுக்குள் கிடக்கிற கல்லும் வனப் பொருள்தான், எடுக்காதீர்கள். பழனி மலை முழுக்கக் கற்திட்டைகள் உண்டு. செண்பகனூர்ப் பாதிரியார் ஆங்கிலேட் அவற்றை நியூட்டன் என்பவரோடு சேர்ந்து ஆராய்ந்து 1928-ல் நூலாகவே வெளியிட்டார். அவற்றிலிருந்து சில்லுகூடப் பெயர்க்காதீர்கள். கவுஞ்சியிலோ போளூரிலோ வண்டியை நிறுத்தி, பூண்டுக் காட்டில் வேலை செய்கிறவரிடம் வரப்புக் குவியலைக் காட்டிக் கேளுங்கள். "எம்புட்டு வேணுமோ அள்ளிட்டுப் போங்க" என்பார். அவருக்கு அது வேலை மிச்சம்.