அரக்குத் தட்டும் அமெரிக்க இசையும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

இசையை விரும்பாதார் இலர். ஆனால் இசை எதில் தங்கியிருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. பாடியவர் மறைந்து பல்லாண்டு கழிந்த பின்னும் அவர் குரல் நம் செவியில் விழுகிறதென்றால், அது ஏதோ ஒரு பொருளில் பதிந்திருக்க வேண்டும் அன்றோ? அப்பொருளைப் பற்றியதே இக்கட்டுரை. ஜாஸ் என்னும் அமெரிக்க இசையை இதற்கு எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. பழைய இசைத்தட்டுகளைத் தேடிச் சேர்ப்பது, அவற்றை மறுபதிப்பாக வெளியிடுவது, அவற்றைப் பற்றி எழுதுவதற்கென்றே இதழ் நடத்துவது ஆகிய மூன்றையும் ஒரு கல்வித் துறையைப்போல் வளர்த்தவர்களில் ஜாஸ் அன்பர்கள் முன்னோடிகள். "ராசிபுரத்துக்காரனுக்கு ஜாஸ் எதற்கடா?" என்று விடுதி நண்பர்கள் கேட்டார்கள். அதற்கும் விடை பின்னால் வருகிறது.

ஜாஸ் என்பது யாது?

அமெரிக்காவின் தென்பகுதியில், நியூ ஆர்லியன்ஸ் என்னும் துறைமுக நகரில், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவானது இவ்விசை. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரின் வழித்தோன்றல்கள், பட்டாளத்து பேண்டு வாத்தியங்களான கார்னெட், கிளாரினெட், டிராம்போன் முதலியவற்றைத் தம் கையில் எடுத்துத் தம் தாளத்தில் வாசித்தனர். அதன் உயிர்நிலை எது என்றால், நம்மவர்கள் மனோதர்மம் என்பார்களே, அதுதான். தெரிந்த ஒரு மெட்டை முதலில் வாசிப்பர். பிறகு ஒவ்வொருவரும் முறைவைத்து, அந்த நேரத்தில் தோன்றியபடி அதை விரித்து வாசிப்பர். நம் கச்சேரிகளில் நிரவலும் கற்பனைச் சுரமும் வருவதுபோல என்று கொள்ளலாம். நேற்று வாசித்தது இன்று வராது.

இங்கேதான் இசைத்தட்டு முக்கியமாகிறது. தாளில் எழுதிய சுரக்குறிப்பைப் பார்த்து வாசிக்கும் இசையானால், தாள் இருந்தால் போதும். அந்தக் கணத்தில் பிறக்கும் இசைக்குத் தட்டைத் தவிர வேறு சான்று இல்லை. நியூ ஆர்லியன்சில் பட்டி போல்டன் என்றொரு கார்னெட் கலைஞர் இருந்தார். ஜாஸின் முதல்வர்களுள் ஒருவர் என அவரைப் போற்றுவர். 1931இல் அவர் மறைந்தார். அவர் வாசித்த தட்டு ஒன்றுகூட இன்று இல்லை. ஆகவே அவரைப் பற்றிப் பேசலாமே தவிர, கேட்க இயலாது.

நம் நாட்டிலும் இதற்கு ஒப்பு உண்டு. செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா 1933இல், 27ஆம் வயதில் காலமானார். நாடக மேடையிலேயே வாழ்ந்த அவர் பேசும்படம் எதிலும் நடிக்கவில்லை. இன்று அவர் குரல் நமக்குக் கிடைக்கிறதென்றால், அந்நாளைய இசைத்தட்டுகளால்தான். அவர் துணைவியார் கே. பி. சுந்தராம்பாள் பிறந்த கொடுமுடி நமக்கு அயலூர், காவிரிக்கு அக்கரை. சுந்தராம்பாளைத் திரையிலும் காணலாம். கிட்டப்பாவைக் கேட்க மட்டுமே முடியும்.

அரக்கின் கதை

1917ஆம் ஆண்டு பிப்ரவரியில் நியூயார்க்கில் முதல் ஜாஸ் இசைத்தட்டுக்கான ஒலிப்பதிவு நடந்தது. அதற்கு 15 ஆண்டுகளுக்கு முன்பே, 1902இல், கல்கத்தாவில் கௌஹர் ஜானின் பாட்டு தட்டில் பதிவாகிவிட்டது என்பதை நம்மவர் பலர் அறியார். இன்னொன்றையும் அறியார். அக்காலத் தட்டுகள் அரக்கால் ஆனவை. சோட்டா நாகபுரிக் காடுகளில் பலாச மரத்திலும் குசும மரத்திலும் வாழும் ஒரு சிறு பூச்சி சுரக்கும் பிசின்தான் அரக்கு. உலகச் சந்தைக்கு அதைப் பெரும்பாலும் அனுப்பியது இந்தியா. கல்பொடியும் புகைக்கரியும் கலந்து, சூட்டில் இளக்கி, அச்சில் அழுத்தினால் தட்டு உருவாகும். லூயி ஆம்ஸ்ட்ராங்கின் ட்ரம்பெட் சிகாகோவில் முழங்கியது. அதைத் தாங்கிய பிசினோ நம் நாட்டுக் காட்டு மரத்தில் விளைந்தது! இரண்டாம் உலகப் போரில் அரக்கு வரத்துக்கு இடையூறு வரவே, 1942இல் அமெரிக்க அரசு இசைத்தட்டுக்கு அரக்குப் பயன்படுத்துவதைக் கடுமையாகக் குறைத்துவிட்டது. பழைய தட்டுகளைக் கொடுத்தால்தான் புதிய தட்டு என்ற நிலையும் கடைகளில் வந்தது. அப்போது உடைத்து உருக்கப்பட்டவற்றுள் எத்தனை அரிய தட்டுகள் இருந்தனவோ!

இருபது வயது மாணவர் ஒருவர்

மறுபதிப்பு என்னும் முயற்சியைப் பற்றிப் படித்தபோது என் உள்ளத்தைத் தொட்டவர் ஜார்ஜ் அவாக்கியன். ஆர்மீனியக் குடும்பத்தில் 1919இல் பிறந்தவர். அமெரிக்காவில் குடியேறி யேல் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1920களின் ஆம்ஸ்ட்ராங் தட்டுகளைக் கடைகளில் தேடினால் கிடைக்கவில்லை. கம்பெனிகள் அவற்றை நிறுத்திவிட்டன. அவாக்கியன் கடிதம் எழுதினார். 1940இல் கொலம்பியா நிறுவனம் அவரையே அழைத்து, பழைய ஜாஸ் தட்டுகளைத் தெரிவு செய்து மறுபதிப்புச் செய்யும் பணியைத் தந்தது. அப்போது அவர் மாணவர்! பிரிட்ஜ்போர்ட் தொழிற்சாலையில் மூல உலோக அச்சுகளைத் தேடிப் பார்த்தபோது, ஆம்ஸ்ட்ராங் பதிவு செய்தும் அதுவரை வெளிவராமலே கிடந்த பாட்டுகள் அவருக்குக் கிடைத்தன. ஒரு மாணவர் சென்று கேட்டிராவிட்டால் அவை பழைய உலோக விலைக்குப் போயிருக்கலாம்.

1948இல் கொலம்பியா நிறுவனம் வினைல் என்னும் செயற்கைப் பொருளாலான நெடுந்தட்டைக் கொண்டுவந்தது. 3 நிமிடத் தட்டின் இடத்தில் பக்கத்துக்கு 20 நிமிடத்துக்கு மேல் ஓடும் தட்டு. 1951இல் ஆம்ஸ்ட்ராங்கின் பழைய பாட்டுகள் 4 நெடுந்தட்டுகளாக அவாக்கியன் தொகுப்பில் வெளிவந்தன. உறையின் பின்புறம் எந்த நாளில், எந்த ஊரில், யார் யார் எந்த வாத்தியம் வாசித்தனர் என்று அச்சிடும் வழக்கத்தை வளர்த்தவர்களில் அவரும் ஒருவர்.

இத்தகைய செய்திகளைத் திரட்டியதில் இதழ்களுக்குப் பெரும் பங்குண்டு. சிகாகோவில் 1934இல் 'டவுன் பீட்' தோன்றியது. பாரிசில் 1935இல் 'ஜாஸ் ஹாட்' தோன்றியது. அவ்விதழைச் சேர்ந்த சார்ல் தெலோனே 1936இல் ஜாஸ் தட்டுகளின் அட்டவணை நூல் ஒன்றை வெளியிட்டார். நூலகத்துக்கு நூற்பட்டியல் எப்படியோ, தட்டுகளுக்கு அது அப்படி. லெனார்டு ஃபெதர் என்ற எழுத்தாளர் 1946இல் 'மெட்ரோனோம்' இதழில் 'கண்கட்டுத் தேர்வு' என்ற பகுதியைத் தொடங்கினார். வித்துவான் ஒருவரிடம் பெயர் சொல்லாமல் தட்டைப் போட்டுக் காட்டி, வாசிப்பது யார், தரம் என்ன என்று கேட்பார். நாங்கள் விடுதியில் இதைச் செய்து பார்த்தோம். கத்ரி கோபால்நாத்தின் சாக்ஸபோனைக் கேட்டு நாதசுவரம் என்று அடித்துச் சொன்ன வேதியியல் நண்பர் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. 1980இல் பம்பாய் ஜாஸ் விழாவில் அமெரிக்கரான ஜான் ஹேண்டியுடன் மேடையேறியவர் அந்தக் கத்ரி கோபால்நாத் என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும்.

பம்பாயிலிருந்து சேலத்துக்கு

இனி நண்பர்களின் கேள்விக்கு வருவோம். 1930களில் பம்பாய் தாஜ்மகால் ஓட்டலில் அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்கள் வந்து வாசித்தனர். அவர்களுள் டெடி வெதர்ஃபோர்டு என்ற பியானோக் கலைஞர் பின்னர் கல்கத்தாவுக்குச் சென்று, அங்கேயே தட்டுகளும் பதிவு செய்து, 1945இல் காலரா நோயால் அங்கேயே மாண்டார். இந்தியாவில் 1926 முதல் 1944 வரை பதிவான ஜாஸ், நடனத் தட்டுகளுள் சிலவற்றை 1980களில் இங்கிலாந்தில் ஹார்லிகுவின் என்னும் நிறுவனம் நெடுந்தட்டாக மறுபதிப்புச் செய்தது. நம் தட்டைச் சேர்த்து வைக்க இங்கிலாந்துக்காரர் வேண்டியிருந்தது!

அக்கலைஞர்களோடு சேர்ந்து வாசித்தும் கேட்டும் பயின்றவர்கள் கோவா நாட்டு இசைஞர்கள். 'சிக் சாக்லேட்' என்ற பெயரில் ட்ரம்பெட் வாசித்தவர் இவர்களுள் புகழ்பெற்றவர். இந்தியாவின் ஆம்ஸ்ட்ராங் என்றே அவரை அழைத்தனர். இந்திப் பட உலகு இவர்களை வேலைக்கு எடுத்துக்கொண்டது. 1951இல் வந்த 'அல்பேலா' படத்தில் சி. ராம்சந்திராவின் இசையில் சிக் சாக்லேட்டின் பங்கு தெளிவாகக் கேட்கும். அந்த ராம்சந்திராவே 1958இல் தமிழில் 'வஞ்சிக்கோட்டை வாலிப'னுக்கு இசையமைத்தார். 1952இல் பம்பாயில் நிரஞ்சன் ஜவேரி முதலிய இளைஞர்கள் 'புளூ ரிதம்' என்ற ஜாஸ் இதழையும் நடத்தினர். அது நெடுநாள் நீடிக்கவில்லை. ஆயினும் அதே ஜவேரி 1978இல் பம்பாயில் 'ஜாஸ் யாத்ரா' விழாவைத் தொடங்கிவைத்தார்.

நம் சேலத்தில் டி. ஆர். சுந்தரம் 1930களின் நடுவில் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ், நூற்றுக்கு மேற்பட்ட படங்களை எடுத்தது. ஏற்காடு சாலையில் அதன் முகப்பு வளைவு இன்றும் நிற்கிறது. 1960களில் அந்நிறுவனம் எடுத்த 'வல்லவன் ஒருவன்', 'இரு வல்லவர்கள்' போன்ற துப்பறியும், சாகசப் படங்களுக்கு இசையமைத்தவர் வேதா. இந்தி மெட்டுகளைத் தழுவினார் என்று அவரைக் குறை கூறுவோர் உண்டு. குறை உண்மைதான். ஆனால் அந்த மெட்டுகளோடு கூடவே பித்தளை வாத்தியங்களின் முழக்கமும், சாக்ஸபோனின் குழைவும், ஜாஸ் தாளமும் சேலத்துப் படங்களுக்கு வந்து சேர்ந்தன. அங்கிருந்து ஒலிபெருக்கி வழியாக நம் மாரியம்மன் திருவிழாவுக்கும் காதுகுத்துக்கும் வந்தன. நியூ ஆர்லியன்சுக்கும் ராசிபுரத்துக்கும் உள்ள தொடர்பு இதுதான்.

ஊசியின் இரு பக்கம்

இதை நான் நூலில் கற்கவில்லை. எங்கள் ஊரில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்த பெரியவர் ஒருவர், கடையைக் காலி செய்தபோது, "தம்பி, இத எடைக்குப் போட்டாக்கூட எடுக்க மாட்டேங்கறானுங்க. படிக்கிற புள்ள, நீயாச்சும் வெச்சுக்க கண்ணு" என்று ஒரு மூட்டையையும் பழைய ஃபியஸ்டா பெட்டியையும் தந்தார். 43 தட்டுகள். பெரும்பாலும் திரைப்பாட்டு. நடுவே உறையில்லாத நெடுந்தட்டு ஒன்று: ஆம்ஸ்ட்ராங்கின் பழைய பாட்டுகளின் மறுபதிப்பு. ஆலை அதிகாரி ஒருவர் வீடு மாறிப் போகையில் கொடுத்ததாம்.

இங்கே கொஞ்சம் இயற்பியல். நிமிடத்துக்கு 33⅓ சுற்றுச் சுழலும் 12 அங்குலத் தட்டில், விளிம்பருகே (ஆரம் 14.6 செ.மீ.) பள்ளம் ஊசியைக் கடக்கும் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 51 செ.மீ.; உட்பகுதியில் (ஆரம் 6 செ.மீ.) 21 செ.மீ. மட்டுமே. சராசரி 36 என்று கொண்டால், 20 நிமிடம் ஓடும் ஒரு பக்கத்தின் பள்ளத்தை நீட்டினால் 432 மீட்டர் வரும்! உட்பகுதியில் வேகம் குறைவதால் அதே ஒலி குறுகிய இடத்தில் நெருக்கப்படுகிறது. கடைசிப் பாட்டு சற்று மங்கிக் கேட்பது அதனாலேயே. 78 சுற்று அரக்குத் தட்டின் பள்ளம் அகலமானது. அதற்குரிய ஊசி முனையின் ஆரம் அங்குலத்தில் ஆயிரத்தில் 3 பங்கு. நெடுந்தட்டுக்கு ஆயிரத்தில் 1 பங்கு. ஃபியஸ்டா போன்ற பெட்டிகளில் இரண்டு ஊசியும் ஒரே தலையில், முன்பக்கம் ஒன்றும் பின்பக்கம் ஒன்றுமாக இருக்கும். சிறு பிடியைத் திருப்பி மாற்ற வேண்டும்.

நான் திருப்பவில்லை. பழைய பாட்டு ஒன்றைக் கேட்டுவிட்டு, அதே பெரிய ஊசியை ஆம்ஸ்ட்ராங் தட்டின்மேல் வைத்தேன். ஒலி கரகரத்தது, தட்டு பழசு என்று எண்ணி, முழுப் பக்கத்தையும் மறுமுறையும் ஓடவிட்டேன். பள்ளத்துக்குள் இறங்காத ஊசி அதன் சுவர்களை 432 மீட்டர் நீளத்துக்கும் இருமுறை சுரண்டியிருக்கிறது. அப்பக்கத்தில் இப்போது இரைச்சலே மிகுதி. நல்லவேளை, மறுபக்கம் பிழைத்தது. பெரியவரிடம் சொன்னபோது அவர் கோபிக்கவில்லை. "முப்பது வருசம் நான் பத்திரமா வெச்சிருந்தேன்" என்றார், அவ்வளவுதான்.

பெயரில்லாத ட்ரம்பெட்

தட்டில் உறை இல்லாவிட்டாலும், பிழைத்த பக்கத்திலுள்ள பாட்டு எப்போது, யாரால் வாசிக்கப்பட்டது என்று என்னால் கண்டறிய முடிந்தது. ஆம்ஸ்ட்ராங்கின் ஐவர் குழு முதன்முதலில் பதிவு செய்தது 1925 நவம்பர் 12, சிகாகோவில். டிராம்போன் கிட் ஓரி, கிளாரினெட் ஜானி டாட்ஸ், பியானோ லில் ஹார்டின், பாஞ்சோ ஜானி செயின்ட் சிர். நூறாண்டுக்கு முந்தைய செய்தி, விரல் நுனியில் கிடைக்கிறது. அன்பர்கள் தேடி, கேட்டு, அச்சிட்டு வைத்தார்கள்.

அதே மூட்டையில் 1960களின் சேலத்துப் படத் தட்டுகளும் உள்ளன. அவற்றுள் ஒன்றில் பாட்டின் இடையே ட்ரம்பெட் ஒன்று எட்டே வினாடி தனித்து எழுகிறது. எத்தனை முறை கேட்டாலும் அலுக்காத எட்டு வினாடி. தட்டின் நடுத்தாளில் படத்தின் பெயர் உண்டு. பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் பெயரும் உண்டு. வாசித்தவர் பெயர் இல்லை. பெரியவரிடம் கேட்டேன். "அதெல்லாம் மெட்ராசுல ஆரோ வாசிச்சிருப்பாங்க கண்ணு" என்றார். இசைக்குழுவில் இருந்தோர் பலர் இன்று இல்லை. இருப்போருக்கும் வயது மிகுந்துவிட்டது. இதைவிடப் பழைய அமெரிக்கத் தட்டுக்கு ஐந்து பெயரும் தெரிகிறது. நம் மாவட்டத்து நிறுவனத்தின் பாட்டுக்கு ஒரு பெயர் தெரியவில்லை என்பது எனக்கு வருத்தமாகவே உள்ளது.

43 தட்டுகளுக்கும் ஒரு குறிப்பேட்டில் அட்டவணை எழுதி வருகிறேன்: நிறுவனம், தட்டின் எண், சுற்று, பாடியவர், வாத்தியங்கள், தட்டு எவர் வீட்டிலிருந்து வந்தது. வாசித்தவர் பெயருக்கு ஒரு பத்தியைக் காலியாக விட்டிருக்கிறேன். மாணவ நண்பர்கள் வீட்டுப் பரணில் இத்தகைய தட்டுகள் இருந்தால், போகிக்கு எடுத்து எறியும் முன் கொண்டுவாருங்கள். எழுதிக்கொண்டு திருப்பித் தந்துவிடுகிறேன். இசைக்குழுவில் வாசித்த உறவினர் எவரேனும் இருந்தால் இன்னும் நல்லது. இயற்பியல் துறையில் கேட்டால் என்னைக் காட்டுவார்கள். இப்போதெல்லாம் ஊசியை இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் வைக்கிறேன்.