பிளஸ் டூ ரிசல்ட்டுக்கு முன்பே எடுத்துப் பார்க்க வேண்டிய டிஸ்சார்ஜ் புக்

பட்டாளத்தில் இருந்து ஒரு ஜவான் ஓய்வு பெற்று வரும்போது பெரும்பாலும் நாற்பது வயதைத் தொட்டிருக்க மாட்டார். பிள்ளைகள் அப்போது தொடக்கப் பள்ளியில் இருப்பார்கள். டிஸ்சார்ஜ் புக் டிரங்குப் பெட்டிக்குள் போய்விடும். பத்து வருடம் கழித்து மகள் பிளஸ் டூ முடித்ததும், "நம்ம பிள்ளைங்களுக்கு ஏதோ ஸ்காலர்ஷிப் இருக்காமே?" என்று பேச்சு வரும்.

இருக்கிறது. ஆனால் திட்டம் தெரிந்தால் மட்டும் போதாது. காகிதம் சரியாக இருக்க வேண்டும், அதுவும் நேரத்துக்கு இருக்க வேண்டும். இந்தப் பாடத்தில் இரண்டையும் பார்ப்போம்.

யாருக்கு எந்த உதவி?

தொழிற்படிப்பில் சேரும் பிள்ளைகளுக்கு: மத்திய சைனிக் வாரியம் வழங்கும் பிரதமர் கல்வி உதவித்தொகை. பி.இ., எம்.பி.பி.எஸ்., பி.எட்., பி.பி.ஏ., பி.சி.ஏ., பி.பார்ம் போன்ற படிப்புகள் இதில் அடங்கும். தரைப்படை, கடற்படை, விமானப்படை, கடலோரக் காவல்படை ஆகியவற்றின் முன்னாள் வீரர்களுடைய பிள்ளைகளுக்கும், வீரர்களின் விதவை மனைவியருக்கும் இது உண்டு. கணவரை இழந்த ஒரு பெண் தானே பி.எட். படிக்க நினைத்தாலும் கேட்கலாம் என்பது பலருக்குத் தெரியாது.

பி.ஏ., பி.காம்., பி.எஸ்சி. படிப்பவர்களுக்கு: ஹவில்தார் அல்லது அதற்கு இணையான பதவி வரை இருந்தவர்களின் பிள்ளைகளில் இருவருக்குக் கல்வி மானியம் உண்டு. ஒன்றாம் வகுப்பில் தொடங்கிப் பட்டப்படிப்பு வரை கிடைக்கும். மாதம் 1000 ரூபாயாக இருந்த இந்தத் தொகை, 2025 நவம்பர் 1 முதல் வரும் விண்ணப்பங்களுக்கு 2000 ரூபாய் ஆகியிருக்கிறது. இது கொடிநாள் நிதியில் இருந்து வருகிறது. டிசம்பர் 7 அன்று உண்டியலில் விழும் பத்து ரூபாய் இப்படித்தான் ஒரு வீட்டுக்குப் போய்ச் சேருகிறது.

போரில் உயிர்நீத்த, காணாமல்போன, உடலுறுப்பை இழந்த வீரர்களின் பிள்ளைகளுக்கு: 1971 போருக்குப் பிறகு, 1972-இல் தொடங்கிய கல்விச் சலுகை இருக்கிறது. கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் ஆகியவற்றை அரசு ஏற்கிறது.

அப்பா சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். போன்ற துணை ராணுவப் படையில் இருந்தவரா? அவர்கள் சைனிக் வாரியத்தின் கீழ் வரமாட்டார்கள். அவர்களுக்கான பிரதமர் உதவித்தொகைக்குத் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இடம் மாறிப் போட்டால் ஒரு வருடம் வீணாகும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

பிரதமர் கல்வி உதவித்தொகை மாணவிகளுக்கு மாதம் 3000 ரூபாய், மாணவர்களுக்கு 2500 ரூபாய். வருடத்துக்கு ஒருமுறை மொத்தமாக வங்கிக் கணக்குக்கு வரும். நான்கு வருட பி.இ. படிக்கும் ஒரு மாணவிக்கு 36,000 வீதம் மொத்தம் 1,44,000 ரூபாய். நாடு முழுவதும் ஆண்டுக்கு 5,500 பேருக்குத்தான் புதிதாகக் கிடைக்கும், அதில் பாதி மாணவிகளுக்கு. போரில் உயிர்நீத்தவர், ஊனமுற்றவர் குடும்பங்களுக்கு முன்னுரிமை உண்டு.

மூன்று நிபந்தனைகளை மனதில் வையுங்கள்.

1. பிளஸ் டூவில் 60 சதவீதம் வேண்டும். அதாவது 600-க்கு 360.
2. முதல் வருடத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும். டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்பவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. மற்றவர்கள் "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று விட்டால் மொத்தத் தொகையும் போய்விடும்.
3. ஒவ்வொரு வருடமும் தேர்ச்சி பெற்று, 50 சதவீதம் எடுத்தால்தான் தொடர்ந்து கிடைக்கும். அரியர் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரே பிள்ளை, இரண்டு பெயர்

ஒரு உதாரணம். பிறந்தபோது வீட்டில் வைத்த பெயர் 'செல்வி'. அப்பா யூனிட்டில் அதையே பதிந்துவிட்டார். பள்ளியில் சேர்க்கும்போது 'தமிழ்ச்செல்வி' ஆகிவிட்டது. 12 வருடம் யாரும் கவனிக்கவில்லை. உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும்போதுதான், டிஸ்சார்ஜ் புக்கில் இருப்பவரும் மதிப்பெண் பட்டியலில் இருப்பவரும் ஒருவர்தானா என்ற கேள்வி எழுகிறது.

"என் பொண்ணுதான் சார், ஊருக்கே தெரியும்" என்று அம்மா சொன்னால் போதாது. குழந்தையின் பெயரும் பிறந்த தேதியும் படைப் பதிவில் ஏற வேண்டும். தரைப்படையில் இதை 'பார்ட் டூ ஆர்டர்' என்பார்கள். திருத்த வேண்டுமானால் பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று, உறுதிமொழிப் பத்திரத்தோடு அப்பாவின் ரெக்கார்டு ஆபீசுக்கு எழுத வேண்டும். மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் அது நீலகிரி வெலிங்டனில் இருக்கிறது. மற்ற படைப்பிரிவுகளின் அலுவலகம் வடமாநிலத்திலும் இருக்கலாம். கடிதம் போய்த் திரும்ப மாதக்கணக்கில் ஆகும். முதல் வருடமோ யாருக்காகவும் காத்திருக்காது.

அதனால் பிள்ளை பத்தாம் வகுப்பில் இருக்கும்போதே டிஸ்சார்ஜ் புக்கை எடுத்து, ஆதாரோடும் பள்ளிச் சான்றோடும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள். திருத்தத்துக்கு வழி சொல்வார்கள்.

விண்ணப்பிக்கும் வரிசை

கல்லூரியில் சேரும்போதே தொடங்குங்கள். பொறியியல் கலந்தாய்வில் முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்கு 150 இடங்கள் தனியாக உண்டு. அதற்கும் நல அலுவலகச் சான்று வேண்டும் என்பதால் இரண்டு வேலையையும் ஒரே நடையில் முடிக்கலாம்.

சேர்ந்த பிறகு, மாணவர் பெயரிலேயே ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு தொடங்குங்கள். கல்லூரியில் படிப்புச் சான்றும், வங்கியில் கணக்குச் சான்றும், நல அலுவலகத்தில் முன்னாள் படைவீரர் சான்றும் வாங்குங்கள். மத்திய சைனிக் வாரிய இணையதளத்தில் பதிவேற்றுங்கள். விண்ணப்பம் முதலில் உங்கள் மாவட்ட நல அலுவலகத்தின் சரிபார்ப்புக்கு வரும். அசல் சான்றுகளோடு நேரில் போய்க் காட்டிவிட்டு வாருங்கள். பதிவு செய்ததோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள்.

உங்களுக்கு நீங்களே கேட்டுப் பாருங்கள்

டிஸ்சார்ஜ் புக்கில் என் எல்லாப் பிள்ளைகளின் பெயரும் இருக்கிறதா? பிறந்த தேதி பள்ளிச் சான்றோடு ஒத்துப்போகிறதா? எங்கள் மாவட்ட நல அலுவலகம் எங்கே இருக்கிறது என்று வீட்டில் அம்மாவுக்கும் தெரியுமா?

மூன்றுக்கும் 'ஆமாம்' என்றால் நிம்மதியாக ரிசல்ட்டுக்குக் காத்திருங்கள். ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும், இன்று சாயங்காலமே அந்த டிரங்குப் பெட்டியைத் திறந்துவிடுங்கள்.