பழுதறியும் கை

நுழையும்முன்

வண்டி ஓட்டத் தெரிந்தவர் பலர். ஓடிக்கொண்டிருந்த வண்டி நின்றுவிட்டால் அது ஏன் நின்றது என்று சொல்லத் தெரிந்தவர் சிலர். காரோ படகோ நம் பெயரில் பதிவாகியிருக்கலாம். அதனுள் நடப்பது நமக்கு விளங்காதவரை அது பாதி பிறருடையதே. தம் வண்டியையும் படகையும் தாமே பேணவும் பழுது நீக்கவும் கற்றல் குறித்துப் பேசுகிறது இப்பாடம்.

காஞ்சிபுரத்தில் பட்டு நெய்பவர் தம் தறியில் சிறு கோளாறு நேர்ந்தால் உடனே ஆள் அழைப்பதில்லை. விழுதின் கயிறு தளர்ந்தாலும், நாடா தடம் மாறி ஓடினாலும், மிதி இறுகினாலும் முதலில் அவர் கைதான் அங்கே செல்லும். நாடாவின் ஓசை சற்றே மாறினால் கண் காணும் முன்பே செவி அறிந்துவிடும், நெசவு நின்றுவிடும். இவ்வறிவைத் தறியோடு வளரும் பிள்ளைக்கு எவரும் பாடமாக நடத்துவதில்லை. பார்த்தும் தொட்டும் பிழைசெய்தும் வருவது அது.

இதே மாவட்டத்தின் இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் கார்கள் உருவாகின்றன. 2019இல் செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரியும்வரை கோவளம், மாமல்லபுரம் ஆகிய மீனவர் கடற்கரைகளும் காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தவையே. தறியும் காரும் படகும் அருகருகே இருந்த நிலம் இது. தறியிடம் நமக்குள்ள உறவு மற்ற இரண்டிடமும் ஏன் இல்லை என்பது கேட்கத்தக்க கேள்வி.

கலைத்துப் பார்த்த இளைஞர்

கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் 1893இல் பிறந்தவர் ஜி.டி. நாயுடு. பள்ளிப்படிப்பு தொடக்க வகுப்புகளோடு முடிந்துவிட்டது. ஆங்கிலேய வருவாய் அலுவலர் ஒருவர் ஏறிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிள் அவரைக் கவர்ந்தது. மாடும் குதிரையும் இன்றித் தானே ஓடும் வண்டியை அவர் வியந்ததோடு நிற்கவில்லை. கோயம்புத்தூருக்குச் சென்று உணவு விடுதியில் பரிமாறும் வேலை செய்தார். சேர்த்த பணத்தைக் கொண்டு அவ்வண்டியையே விலைக்கு வாங்கினார். வாங்கியவர் அதில் ஏறிச் சுற்றுவதற்கு மாறாக, அதை ஒவ்வோர் உறுப்பாகக் கழற்றினார். பின்பு மீண்டும் பூட்டினார்.

கழற்றுதல் எளிது, பூட்டுதலே தேர்வு. ஒரு திருகாணி மிஞ்சினாலும் அது ஓர் இடத்தில் இல்லை என்று பொருள். எந்த உறுப்பு எதன்மேல் அமர்ந்திருந்தது, எது முன்னே கழன்றது என்ற வரிசை நினைவில் இருந்தால்தான் இயந்திரம் மறுபடி உயிர்பெறும். இக்காலத்தில் கழற்றும் ஒவ்வொரு நிலையையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளலாம். உறுப்புகளை ஒரு துணியில் கழற்றிய வரிசையிலேயே அடுக்கி வைக்கலாம். துணியில் அடுக்கும் பழக்கம் படம் எடுப்பதைவிட நல்லது என்பது என் கருத்து. கை வரிசையைக் கற்றுக்கொள்கிறது.

1920இல் ஒரே ஒரு பேருந்தை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே நாயுடு தாமே ஓட்டினார். அத்தொழில் யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்னும் பெரிய போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது. பிற்காலத்தில் அவரை அறிவியலறிஞர் என்றனர், புதுப்புனைவாளர் என்றனர். அவற்றுக்கெல்லாம் முன்னே அவர் தம் வண்டியைத் தாமே அறிந்துகொண்டவர்.

கடலில் பட்டறை இல்லை

நிலத்தில் வண்டி நின்றால் தள்ளிச்செல்லலாம். கடலில் இயந்திரம் நின்றால் காற்றும் நீரோட்டமும் படகைத் தம் விருப்பப்படி கொண்டுசெல்லும். அங்கே பழுது நீக்கும் அறிவு உயிர்காக்கும் அறிவு.

சோழமண்டலக் கடற்கரையின் கட்டுமரத்தைப் பாருங்கள். ஆணி இல்லை; இலேசான மரங்கள் கயிற்றால் பிணைக்கப்பட்டவை. கரை வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே வெயிலில் உலர்த்துவர். உலராத மரம் நீரைக் குடித்துக் கனத்துவிடும். எனவே அன்றாடம் கலைத்து மீண்டும் கட்டுவதே அதைப் பேணும் முறையாயிற்று. கட்டத் தெரியாதவர் கட்டுமரத்தில் செல்ல இயலாது. செலுத்துதலும் பேணுதலும் அங்கே ஒரே கல்வி.

இன்று கரையெங்கும் கண்ணாடியிழைப் படகுகளே மிகுதி. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் அவை விரைந்து பெருகின. படகின் பின்புறம் பொருத்தும் இயந்திரம் கட்டுமரத்தைப் போல எளியதன்று. ஆயினும் அதன் மொழியையும் கற்கலாம். இயந்திரம் ஓடும்போது பின்புறத்திலிருந்து மெல்லிய நீர்த்தாரை ஒன்று பாய்ந்துகொண்டிருக்கும். குளிர்விக்கும் கடல்நீர் உள்ளே சுற்றிவருகிறது என்பதற்கு அதுவே சான்று. தாரை மெலிந்தால் நீர்வழியில் நெகிழிப் பையோ மணலோ அடைத்திருக்கலாம். உள்ளிருக்கும் இரப்பர்ச் சக்கரம் தேய்ந்திருக்கலாம். உடனே நிறுத்திப் பார்ப்பவருக்குச் செலவு சிறிது. பாராமல் ஓட்டுபவருக்கு இயந்திரமே போய்விடும்.

கரை திரும்பியபின் நன்னீரை உட்செலுத்தி உப்பைக் கழுவுதல் வேண்டும். நீரில் மூழ்கும் பகுதியில் துத்தநாகக் கட்டி ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். கடல்நீரின் அரிப்பைத் தான் ஏற்று மற்ற உலோகங்களைக் காப்பது அதன் பணி. பாதி கரைந்ததும் மாற்ற வேண்டும். இதனை அறியாமல், படகுக்கு வண்ணம் பூசும்போது அழகுக்காக அக்கட்டியின்மேலும் பூசிவிடுவோர் உண்டு. பூசினால் அது அரிபடாது. காக்க வேண்டியவை அரிபடும். விசிறியை அச்சோடு இணைக்கும் சிறிய ஊசியும் சில இயந்திரங்களில் இத்தகையதே. விசிறி மணல்மேட்டில் மோதினால் ஊசி முறிந்து பற்சக்கரங்களைக் காப்பாற்றும். முறிந்த இடத்தில் கெட்டியான ஆணியைச் செருகுவது அறியாமை. மாற்று ஊசிகள் சிலவற்றை உடன் எடுத்துச்செல்வது அறிவு.

தெரிந்து தெளிவோம்

இரட்டை உடற்பகுதி கொண்ட கலத்தை ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' என்பர். இச்சொல் தமிழின் 'கட்டுமரம்' என்பதிலிருந்து சென்றது.

முதல் பாடங்கள்

காரைப் பேணுவதில் முதல் பாடம் இயந்திரத்தைக் கழற்றுவதன்று, பார்ப்பது. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, இயந்திரம் ஆறியபின் அளவுகோலை உருவித் துடைத்து மீண்டும் செருகி எண்ணெயின் அளவையும் நிறத்தையும் காண வேண்டும். ஓட்டம் தொடங்குமுன், சக்கரங்கள் சூடேறாதபோது காற்றழுத்தத்தை அளக்க வேண்டும். இரவு வண்டி நின்ற இடத்தில் காலையில் துளி ஏதும் கிடக்கிறதா என்று நோக்க வேண்டும். குளிரூட்டும் கருவியிலிருந்து சொட்டும் தெளிந்த நீர் அஞ்சத்தக்கதன்று. எண்ணெய்ப்பசையுள்ள துளி அப்படியன்று. தடைநீர்மம் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. நாள் செல்லச் செல்ல அதன் கொதிநிலை தாழும். மலைப்பாதையில் இறங்கும்போதுதான் அதன் கேடு தெரியவரும். ஆகவே குறித்த காலத்தில் அதை மாற்றுவது கட்டாயம். மின்கலத்தைக் கழற்றும்போது எதிர்முனையை முதலில் எடுக்க வேண்டும். பூட்டும்போது அதைக் கடைசியில் இணைக்க வேண்டும்.

எங்கே கை நிற்க வேண்டும் என்பதும் கல்வியின் பகுதியே. பளுதூக்கி மட்டும் தாங்கும் காரின் அடியில் ஒருபோதும் படுத்தல் கூடாது. கொதிக்கும் இயந்திரத்தின் குளிர்நீர்க் கலத்து மூடியைத் திறத்தல் கூடாது. மின்வண்டிகளில் செம்மஞ்சள் நிற உறையுள்ள கம்பிகள் உயர்மின்னழுத்தம் கொண்டவை. காற்றுப்பைகளின் இணைப்புகளும் அபாயமானவை. அவை பயிற்சி பெற்றவர்க்குரியவை. மெக்கானிக்கிடம் செல்வது தோல்வியன்று. "வண்டி ஓடவில்லை" என்று சொல்லிக் கைகட்டி நிற்பவருக்கும், "ஏற்றத்தில் மட்டும் இழுவை குறைகிறது, இயந்திரம் சூடானபின் தொடங்குகிறது" என்று சொல்பவருக்கும் வேறுபாடு உண்டு. இரண்டாமவரின் பணமும் மெக்கானிக்கின் நேரமும் மிஞ்சும்.

அறியும் உரிமை

இன்றைய வண்டிகளில் கணினி மிகுந்துவிட்டது. கோளாற்றை எண்ணெழுத்துக் குறிகளாக அது பதிந்துவைக்கிறது. சிறு கருவியொன்றை இணைத்து அக்குறிகள் பலவற்றை நாமே படிக்கலாம். ஆனால் உதிரி உறுப்பும் பழுதுநீக்கும் கையேடும் கிடைக்காவிட்டால் படித்து என்ன பயன்? இக்கேள்விதான் பழுதுநீக்கும் உரிமை என்னும் கோரிக்கையாக உலகெங்கும் எழுந்தது. பிரான்சு நாட்டில் 2021இல் கைப்பேசி, மடிக்கணினி முதலிய சில பொருள்கள் எவ்வளவு எளிதில் பழுது நீக்கத்தக்கவை என்பதைக் காட்டும் மதிப்பெண்ணை வாங்குவோர் காணும்படி தருதல் கட்டாயமாக்கப்பட்டது. இந்தியாவில் ஒன்றிய அரசின் நுகர்வோர் நலத்துறை 2022 சூலையில் இதற்கெனக் குழு அமைத்தது. வேளாண் கருவிகள், கைப்பேசி உள்ளிட்ட மின்னணுக் கருவிகள், வீட்டுப் பயன்பாட்டுப் பொருள்கள், மோட்டார் வாகனங்கள் ஆகிய நான்கு துறைகளை எடுத்துக்கொண்டது. அவ்வாண்டு டிசம்பரில் இணையவாசல் ஒன்றும் திறக்கப்பட்டது. உரிமை வந்தாலும் அதைப் பயன்கொள்ளக் கையேட்டைத் திறந்து படிப்பவர் வேண்டும். காருடன் வந்த கையேடு பல வீடுகளில் இன்னும் உறை பிரிக்கப்படாமல் கிடக்கிறது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலோ அண்டைவீட்டிலோ உள்ள மிதிவண்டியின் சங்கிலியைப் பெரியவர் ஒருவர் துணையோடு கழற்றி, தூய்மைசெய்து, எண்ணெயிட்டு மீண்டும் பூட்டுக. செய்த வரிசையை ஒரு பக்க அளவில் எழுதுக.

2. உங்கள் ஊரிலுள்ள நெசவாளர், படகோட்டி, மெக்கானிக் ஆகியோருள் ஒருவரைக் கண்டு, கோளாற்றை அவர் முதலில் கண்ணால் அறிகிறாரா, செவியால் அறிகிறாரா என்று வினவி, அவர் வழங்கும் தொழிற்சொற்களைத் தொகுத்து வகுப்பில் வாசிக்க.