சிங்கப்பூர் இ.பி. வேலை: பேப்பர் போடும் முன் பார்க்க வேண்டியவை

சிங்கப்பூரில் எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு (இ.பி.) விண்ணப்பம் போடுவது கம்பெனிதான். பாஸில் உங்கள் படம் இருக்கும், பெயர் இருக்கும். ஆனால் அது அந்தக் கம்பெனியில் அந்த வேலையைப் பார்க்க மட்டும் கிடைத்த அனுமதி. 'டிகிரி இருக்கு, பத்து வருஷ அனுபவம் இருக்கு, அப்புறம் ஏன் ரிஜெக்ட் ஆச்சு?' என்று குழம்புகிறவர்கள் பெரும்பாலும் தங்கள் பயோடேட்டாவையே திரும்பத் திரும்பப் புரட்டிக்கொண்டிருப்பார்கள். கோளாறு கம்பெனிப் பக்கம் இருக்கலாம்.

செய்ய வேண்டியவை

*கம்பெனியை விசாரியுங்கள்.* 2023 செப்டம்பரிலிருந்து புதிய விண்ணப்பங்களுக்குச் சம்பள வரம்போடு காம்பஸ் என்ற மதிப்பெண் முறையும் உண்டு. 40 எடுத்தால் பாஸ். சம்பளம், படிப்பு, கம்பெனியில் உங்கள் நாட்டுக்காரர்களின் பங்கு, உள்ளூர்க்காரர்களுக்கு அது கொடுத்திருக்கும் வேலை என நான்கு தலைப்பு (சி-1 முதல் சி-4 வரை). ஒவ்வொன்றிலும் 0, 10 அல்லது 20. முதல் இரண்டும் உங்கள் கையில். அடுத்த இரண்டையும் நீங்கள் தலைகீழாக நின்றாலும் மாற்ற முடியாது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். சாதாரணப் பொறியியல் கல்லூரிப் பட்டத்துக்கு 10. அந்தத் துறையின் உள்ளூர் சம்பளங்களோடு ஒப்பிட்டு நடுத்தரத்துக்குச் சற்று மேலே இருந்தால் சம்பளத்துக்கு 10. கம்பெனியின் அலுவலர்களில் கால்வாசிப் பேரோ அதற்கு மேலோ இந்தியர்கள் என்றால் மூன்றாவது தலைப்பில் சுழியம். உள்ளூர் வேலைக்கு 10 கிடைத்தாலும் மொத்தம் 30. அவ்வளவுதான், ரிஜெக்ட். இதே ஆள், இதே சம்பளத்தில், இருபத்தைந்து அலுவலர்கூட இல்லாத சின்னக் கம்பெனிக்குப் போனால் கடைசி இரண்டு தலைப்பிலும் தலா 10 தானாகவே வந்துவிடும், 40 ஆகிவிடும். 'நம்ம ஆளுங்க நிறைய இருக்காங்க' என்று நாம் தேடிப் போகும் கம்பெனியே இந்தக் கணக்கில் பாதகம். அதனால் எச்.ஆரிடம் 'சி-3, சி-4-ல் உங்களுக்கு எவ்வளவு?' என்று நேராகக் கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை, அவர்களுக்குத் தெரிந்த விஷயம்தான். மழுப்பினால் அதுவும் ஒரு பதில்தான்.

இணையப் பாதுகாப்பு, ஏ.ஐ. போன்ற பற்றாக்குறைப் பட்டியல் வேலைகளுக்குக் கூடுதல் மதிப்பெண் உண்டு. மாதம் 22,500 வெள்ளியோ (சிங்கப்பூர் டாலர்) அதற்கு மேலோ வாங்குகிறவருக்கு காம்பஸே கிடையாது; அவர் இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கவும் மாட்டார்.

*வயதோடு சேர்த்துச் சம்பளம் பேசுங்கள்.* 2025 ஜனவரியிலிருந்து குறைந்தபட்சம் 5,600 வெள்ளி. நிதித் துறை என்றால் 6,200. இது இளம் பட்டதாரிக்கான தொகை. வயது ஏற ஏற வரம்பும் ஏறி, நிதி அல்லாத துறைகளில் நாற்பத்தைந்தில் 10,700-ஐத் தொடும். நிரந்தர மாதச் சம்பளம் மட்டுமே கணக்கில் வரும். போனஸ், ஓவர்டைம் எதுவும் சேராது. ஆண்டுத் தொகையைப் பெரிதாகக் காட்டி பேசிக்கைச் சுருக்கும் ஆஃபர் லெட்டர் இங்கே உதவாது. இந்த எண்கள் அடிக்கடி மாறும். மனிதவள அமைச்சின் தளத்தில் சுயமதிப்பீட்டுக் கருவி இருக்கிறது. கையெழுத்துப் போடும் அன்று அதில் ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுங்கள்.

*பெயரைச் சரிபாருங்கள்.* தமிழ்நாட்டுக்காரர்களுக்கே உரிய தொல்லை இது. பட்டச் சான்றிதழில் 'கார்த்திக் ஆர்.' என்று இனிஷியல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து, சில நேரம் முன்னால் வந்து நிற்கும். படிப்புக்கு மதிப்பெண் வேண்டுமானால், பட்டம் உண்மைதான் என்று சரிபார்ப்பு நிறுவனத்திடமிருந்து அத்தாட்சி வாங்கித் தர வேண்டும். பெயர் ஒத்துப்போகாவிட்டால் அந்த இடத்தில் வேலை நின்றுவிடும், பல்கலைக்கழகமும் சட்டென்று பதில் போடாது. இரண்டு பெயரும் ஒருவருடையதே என்ற உறுதிமொழிப் பத்திரத்தை ஊரில் இருக்கும்போதே முடித்து வையுங்கள். படிப்பு மதிப்பெண் இல்லாமலே 40 தேறுகிறதென்றால் பட்டத்தைக் காட்ட வேண்டிய தேவையே இல்லாமலும் போகலாம், கம்பெனியிடம் கேளுங்கள்.

*குடும்பத்தை அழைக்கிற எண்ணம் இருந்தால் இப்போதே திட்டமிடுங்கள்.* மனைவி, கணவர், பிள்ளைகளுக்கு டிபெண்டன்ட் பாஸ் எடுக்க உங்கள் நிரந்தரச் சம்பளம் 6,000 வெள்ளியாவது இருக்க வேண்டும். பெற்றோரைக் கூட்டி வர 12,000. திருமணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து சான்றிதழ் வாங்குங்கள். கோயில் ரசீதும் மண்டப ஆல்பமும் அங்கே செல்லாது. சின்னப் பிள்ளைகளுக்குத் தட்டம்மை, தொண்டை அடைப்பான் தடுப்பூசி போட்ட பதிவு வேண்டும், அதனால் ஊசி அட்டையைத் தொலைத்துவிடாதீர்கள். இன்னொன்று: டிபெண்டன்ட் பாஸை வைத்துக்கொண்டு மனைவி வேலைக்குப் போக முடியாது. 2021 மே மாதத்திலிருந்து அவருக்கும் தனியாக வேலை பாஸ் எடுக்க வேண்டும். இரண்டு சம்பளத்தை நம்பி வாடகைக் கணக்குப் போடுகிறவர்கள் இதைக் கவனிக்கவும்.

செய்யக்கூடாதவை

*ஐ.பி.ஏ. கைக்கு வராமல் இருக்கிற வேலைக்குப் பேப்பர் போடாதீர்கள்.* ஆஃபர் லெட்டர் கம்பெனியின் விருப்பம். கொள்கையளவு ஒப்புதல் கடிதமான ஐ.பி.ஏ.தான் அமைச்சின் பதில். அது வந்த பிறகும் பாஸ் வழங்கப்பட்டால்தான் வேலையைத் தொடங்கலாம். 'விசிட்ல வாங்க, ட்ரெயினிங்னு சொல்லிக்கலாம்' என்று யாராவது சொன்னால் அந்தக் கம்பெனியே வேண்டாம். பிடிபட்டால் உங்கள் பெயரில்தான் கறுப்புப் புள்ளி விழும்.

*வேலைக்காகப் பணம் கொடுக்காதீர்கள்.* உங்களை வேலைக்கு எடுப்பதற்கென்று உங்களிடமே காசு வாங்குவது முதலாளிக்குக் குற்றம்; 30,000 வெள்ளி வரை அபராதம், இரண்டாண்டு வரை சிறை. சம்பளத்தைப் போட்டுவிட்டு ஒரு பகுதியை ரொக்கமாகத் திருப்பிக் கேட்பதும் இதே கதைதான். சிங்கப்பூர் ஏஜென்ட்டுக்கு உரிமம் இருக்க வேண்டும். அவர் உங்களிடம் வாங்கும் கட்டணம் இரண்டு மாதச் சம்பளத்தைத் தாண்டக்கூடாது. உரிம எண்ணை அமைச்சின் தளத்தில் தேடலாம். ஊர் ஏஜென்ட் 'மூணு லட்சம் கட்டுங்க, இ.பி. கன்ஃபார்ம்' என்றால் அவரால் எதையும் கன்ஃபார்ம் செய்ய முடியாது என்பதே உண்மை.

*விண்ணப்பத்தில் பொய் சேர்க்காதீர்கள்.* காகிதத்தில் 6,000, கையில் 4,500 என்ற ஏற்பாட்டுக்கு நீங்கள் ஒத்துக்கொண்டாலும், போலிப் பட்டம் காட்டினாலும், தண்டனை 20,000 வெள்ளி வரை அபராதம் அல்லது இரண்டாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். விண்ணப்பத்தின் நகலை வாங்கிப் படியுங்கள். பதவியின் பெயர், சம்பளம், கல்வி மூன்றையும் நீங்களே பார்க்க வேண்டும்.

*பக்கத்து வேலை வேண்டாம்.* வார இறுதி டியூஷன், நண்பரின் உணவகக் கணக்கு, இன்னொரு கம்பெனிக்கு வெப்சைட், எதற்கும் இந்த பாஸ் இடம் கொடுக்காது. வேலை மாறினால் பழைய பாஸ் கூடவே வராது. புதிய முதலாளி மறுபடி விண்ணப்பிக்க வேண்டும், மதிப்பெண் கணக்கும் மறுபடி முதலிலிருந்து.

*வேலையை விடும்போது கடைசிச் சம்பளத்தை நம்பிச் செலவு செய்யாதீர்கள்.* நீங்கள் கிளம்புவதைக் கம்பெனி வருமான வரி ஆணையத்துக்கு ஒரு மாதம் முன்பே தெரிவித்து, வரி தீரும் வரை உங்களுக்குத் தர வேண்டிய பணத்தை நிறுத்தி வைக்கும். அது சட்டம், கம்பெனியோடு சண்டை போட்டுப் பயனில்லை. பாஸ் ரத்தானால் பொதுவாக 30 நாள் தங்கலாம். அதற்குள் வேறு பாஸ் கிடைக்காவிட்டால் ஊருக்குக் கிளம்ப வேண்டும், ஆனால் வீட்டு ஒப்பந்தம் இரண்டாண்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். வாடகைப் பத்திரத்தில், வேலை போய் நாட்டைவிட்டுக் கிளம்ப நேர்ந்தால் ஒப்பந்தத்தை முன்பே முடித்துக்கொள்ள உதவும் டிப்ளமாட்டிக் கிளாஸ் இருக்கிறதா, அது எத்தனை மாதம் கழிந்த பிறகு செல்லும், எவ்வளவு நாள் நோட்டீஸ் கேட்கிறது என்பதை முன்பணம் கட்டும் முன்பே வீட்டுக்காரரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.