வேப்பிலை தெளிவு, பாட்டி முகம் மங்கல்: திருவிழாப் படத்துக்கு லென்ஸும் ஃபோகஸும்

நம்ம கிளைகள்ல கோயில் திருவிழா வந்தாலே யாராவது ஒரு தம்பி, தங்கை கையில கேமராவைக் கொடுத்து, "நீதான் படம் எடுக்கணும்" என்று சொல்லிவிடுவார்கள். அந்தத் தம்பியாக நானும் இருந்திருக்கிறேன். அப்போது செய்த தவறுகளையும், அதிலிருந்து கற்றுக்கொண்டதையும் இந்தப் பாடத்தில் பகிர்ந்துகொள்கிறேன்.

எங்கள் பாட்டி இருந்தது சுங்கை பெசாருக்கு உள்ளே ஒரு தோட்டத்தில். லயத்து வீடுகளில் பாதிக்கு மேல் இப்போது காலி. ஆனால் மாரியம்மன் கோயில் தீமிதிக்கு மட்டும் எல்லாரும் திரும்பி வந்துவிடுவார்கள். நான் எஸ்பிஎம் முடித்த வருஷம், செகண்ட் ஹேண்டில் ஒரு கேனான் 700டி வாங்கினேன். கூடவே வரும் 18-55 மி.மீ. லென்ஸ்தான். அந்த வருஷம் பாட்டி தீச்சட்டி எடுத்தார். "முட்டி வலிக்குதுடா, இதான் கடைசி" என்று சொல்லியேதான் எடுத்தார். நான் நாற்பது படத்துக்கு மேல் எடுத்தேன். கேமராத் திரையில் எல்லாமே நல்லா இருந்தது.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தேன். சட்டியைச் சுற்றிக் கட்டிய வேப்பிலையில் நரம்பு வரைக்கும் தெரியுது. பாட்டி முகம் மட்டும் மங்கல். மிச்சப் படங்களில் எல்லாமே இழுத்துவிட்ட மாதிரி கோடு.

மறு வருஷம் பாட்டி தவறிவிட்டார். மாலை போட்டு வைக்க ஒரு நல்ல படம் தேடினோம். கடைசியில் ஐசி படத்தைத்தான் பெரிதாக்கிச் சட்டம் போட்டோம். கேமரா வைத்திருந்த பேரன் வீட்டில் இது நடந்தது. அதற்கப்புறம்தான் நான் ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தேன்.

முதல் படி: மங்கல் எந்த வகை என்று பாருங்கள்

"படம் கிளியரா இல்ல, லென்ஸ் சரியில்ல" என்று நாம் சட்டென்று சொல்லிவிடுகிறோம். பட்டணத்தில் கல்யாணப் படம் எடுக்கும் ஓர் அண்ணனிடம் என் படங்களைக் காட்டினேன். அவர், "தம்பி, லென்ஸைக் குத்தம் சொல்லாத. எது மங்கலா இருக்குன்னு முதல்ல பாரு" என்றார். அவர் சொன்னபடி பிரித்துப் பார்த்தால் நாலு வகைதான்.

1. படத்தில் வேறு ஏதோ ஒன்று தெளிவாக இருக்கு, முகம் மட்டும் மங்கல். இது ஃபோகஸ் இடம் மாறியது.

2. எதுவுமே தெளிவில்லை, எல்லா விளக்கும் ஒரே பக்கமாகக் கோடு இழுத்திருக்கு. இது கை ஆட்டம்.

3. பின்னால் தூணும் சுவரும் தெளிவு, ஆள் மட்டும் கலைந்திருக்கு. இது ஆள் அசைந்தது.

4. படம் முழுக்க புகை படிந்த மாதிரி வெளுப்பு. இது லென்ஸில் அழுக்கு, ஆவி அல்லது பூஞ்சை.

நாலுக்கும் மருந்து வேறு வேறு. வகை தெரியாமல் புது லென்ஸ் வாங்கினால் காசு போகும், மங்கல் போகாது.

ஃபோகஸ் இடம் மாறினால்

என் 700டியில் 9 ஃபோகஸ் புள்ளிகள் உண்டு. எந்தப் புள்ளியைப் பிடிப்பது என்பதை நான் கேமராவிடமே விட்டிருந்தேன். அப்படி விட்டால் பெரும்பாலும் பக்கத்தில் இருக்கும் பொருளைத்தான் அது பிடிக்கும். பாட்டி கையில் சட்டி, முகம் ஒரு முழம் பின்னால். 55 மி.மீ.யில், எஃப் 5.6இல், ஒன்றரை மீட்டர் தூரத்தில் தெளிவாக வரும் ஆழம் கணக்குப்படி சுமார் 16 செ.மீ.தான். ஒரு சாண்கூட இல்லை. வேப்பிலையில் ஃபோகஸ் விழுந்தால் முகம் தப்பிக்க வழியே கிடையாது.

செய்ய வேண்டியது இதுதான். புள்ளித் தேர்வை உங்கள் கைக்கு மாற்றி, ஒரே ஒரு புள்ளியை வையுங்கள். இருட்டில் நடுப்புள்ளிதான் நம்பகமானது. அதை ஆளின் கண்ணில் வையுங்கள். முகம் திரும்பி இருந்தால் நமக்குப் பக்கத்தில் இருக்கும் கண்.

ஆட்டோ ஃபோகஸுக்கு வெளிச்சமும் கருப்பும் சந்திக்கும் ஓர் ஓரம் வேண்டும். வெறும் கன்னம், வெறும் சுவர், சாம்பிராணிப் புகை இதிலெல்லாம் லென்ஸ் முன்னும் பின்னும் அலையும். நம் பக்தர்கள் முகத்தில் அந்த ஓரம் தயாராகவே இருக்கிறது. விபூதிப் பட்டையின் விளிம்பு, குங்குமப் பொட்டு, கண் இமை. இருட்டில் கண்ணைப் பிடிக்க மறுத்தால் பொட்டில் பிடித்துப் பாருங்கள்.

அடுத்தது ஃபோகஸ் முறை. நின்று சாமி கும்பிடும் ஆளுக்குக் கேனானில் 'ஒன் ஷாட்', நிக்கோனில் 'ஏஎஃப்-எஸ்'. நடந்து வரும் ஆளுக்குக் கேனானில் 'ஏஐ சர்வோ', நிக்கோனில் 'ஏஎஃப்-சி'. ஒன் ஷாட்டில் ஃபோகஸ் பிடித்த பிறகு ஆள் ஓரடி நடந்துவிட்டால் படம் போச்சு. சர்வோவில் பட்டனைப் பாதி அழுத்தி வைத்திருக்கும் வரை கேமரா ஆளைத் தொடர்ந்துகொண்டே இருக்கும்.

தீமிதிக்கு இரண்டுமே கைகொடுக்காத நேரம் வரும். புகை, இருட்டு, ஓட்டம் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்துவிடும். அப்போது முன்கூட்டியே ஃபோகஸ் வையுங்கள். குழி முடிந்து பால்குழி தொடங்கும் விளிம்பில் ஃபோகஸ் பிடித்து, லென்ஸில் உள்ள பொத்தானை மேனுவலுக்குத் தள்ளிவிடுங்கள். அதற்குப் பிறகு வளையத்தைத் தொடாதீர்கள். ஆள் அந்த இடத்துக்கு வரும்போது அழுத்தினால் போதும். நெருப்புக்கு மேலாகப் பார்த்து எடுக்காதீர்கள். சூட்டில் காற்றே நெளியும், எந்த லென்ஸாலும் அதைத் திருத்த முடியாது. குழியின் பக்கவாட்டில் நில்லுங்கள்.

கை ஆட்டமும் ஆள் அசைவும்

கை ஆட்டத்துக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. லென்ஸ் எத்தனை மி.மீ.யோ, ஷட்டர் அத்தனையில் ஒரு பங்கு வினாடிக்கு மேல் போகக்கூடாது. கேனானின் சின்ன சென்சார் கேமராக்களில் 1.6ஆல் பெருக்க வேண்டும், நிக்கோனில் 1.5. 55 மி.மீ. என்றால் 88. ஆக 1/100 வினாடியாவது வேண்டும். நான் அன்று எடுத்தது 1/20. பிறகு எப்படி வரும்?

லென்ஸில் ஆட்டம் தடுக்கும் வசதி இருந்தால் நம் கை ஆட்டத்தை அது குறைக்கும். ஆள் அசைவதை அது தடுக்காது. நடக்கிறவருக்கு 1/250, உருமி மேளத்துக்கு ஆடும் காவடிக்கு 1/500 என்று நான் வைத்துக்கொள்கிறேன். வெளிச்சம் பத்தாவிட்டால் ஐஎஸ்ஓவை 3200, 6400 என்று ஏற்றுங்கள். படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும்தான். புள்ளி விழுந்த படத்தைச் சட்டம் போடலாம். முகமே கலைந்த படத்தை என்ன செய்வது?

இப்போது லென்ஸ்

உண்மையைச் சொல்கிறேன். முதல் தவறுக்கு அப்புறம் நான் வாங்கியது 55-250 மி.மீ. லென்ஸ். நீளமாக இருந்தால் நல்ல லென்ஸ் என்று நினைப்பு. எங்கள் கோயில் மண்டபத்தில் நாலு எட்டு வைத்தால் சுவர் முட்டும். அங்கே அந்த லென்ஸில் ஆள் மூக்குதான் தெரிந்தது. அதற்காக அது கெட்ட லென்ஸ் இல்லை. பகலில் கும்பாபிஷேகத்தின்போது கீழே நின்று கலசத்தை எடுக்கவும், செகிஞ்சான் வயலில் கொக்கு எடுக்கவும் அதுதான் சரி. இருட்டும் குறுகின இடமும் அதற்கு ஆகாது.

லென்ஸ் வாங்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். ஆளுக்கும் எனக்கும் எவ்வளவு தூரம்? வெளிச்சம் எவ்வளவு? ஆள் நிற்கிறாரா, நடக்கிறாரா?

இரவுத் திருவிழாவுக்கு என் பதில் 50 மி.மீ. எஃப் 1.8. கேனானில் 2015இல் வந்த 'எஸ்டிஎம்' மாடல் நல்லது. எஃப் 5.6 துளையைவிட எஃப் 1.8 ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். என்னுடைய அந்த 1/20 வினாடி, அதே ஐஎஸ்ஓவில் 1/200 ஆகியிருக்கும். ஆனால் இரண்டு விஷயம் தெரிந்து வாங்குங்கள். ஒன்று, எஃப் 1.8இல் ஒன்றரை மீட்டர் தூரத்தில் தெளிவின் ஆழம் வெறும் 6 செ.மீ. கண் பிடித்தால் காது மங்கும். புள்ளியை வைக்கத் தெரியாதவருக்கு இந்த லென்ஸ் கூடுதல் மங்கலைத்தான் கொடுக்கும். இரண்டு, சின்ன சென்சாரில் ஒரு முழு ஆளை எடுக்க நாலு மீட்டர் பின்னால் போக வேண்டும். மண்டபம் சின்னது என்றால் 24 மி.மீ. எஃப் 2.8 லென்ஸைப் பாருங்கள்.

இரண்டும் வாங்க வசதியில்லையா? கையில் இருக்கும் 18-55ஐ 18 பக்கம் வைத்து, ஆள் பக்கத்தில் போய் எடுங்கள். 18இல் துளை எஃப் 3.5 வரை திறக்கும், 55இல் எஃப் 5.6தான். நெருங்கிப் போவதற்குக் காசு வேண்டாம்.

நிக்கோன் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. டி3500, டி5600 போன்ற கேமராக்களின் உடலில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. பழைய 'ஏஎஃப்-டி' லென்ஸ் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். 'ஏஎஃப்-எஸ்' என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

செகண்ட் ஹேண்ட் லென்ஸ் என்றால் கைப்பேசி விளக்கை ஒரு பக்கம் அடித்து மறுபக்கம் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி நூல் தெரிந்தால் அது பூஞ்சை. நம் ஊர் ஈரக்காற்றில், அதுவும் கடலோரத்தில், லென்ஸைத் துணிப்பையில் சுருட்டி அலமாரியில் வைத்தால் பூஞ்சை பிடித்துவிடும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும். ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காடு இருந்தால் நல்லது. ஏர்கோன் காரிலிருந்து இறங்கியதும் கேமராவை வெளியே எடுக்காதீர்கள். அரைமணி நேரம் பையிலேயே இருக்கட்டும். இல்லையென்றால் கண்ணாடியில் ஆவி படிந்து முதல் இருபது படம் வெளுத்துப் போகும்.

கண்ணுக்குத் தெரியாத இருட்டில்

கோலசிலாங்கூர் கம்போங் குவாந்தானில் சிலாங்கூர் ஆற்றோரம் பெரெம்பாங் மரங்களில் மின்மினி பார்க்கப் போயிருப்பீர்கள். அங்கே பிளாஷ் அடிக்கக்கூடாது, அடித்தாலும் மின்மினி தெரியாது. ஆட்டோ ஃபோகஸ் அந்த இருட்டில் திணறும். லைவ் வியூவைப் போட்டு, தூரத்து விளக்கு ஒன்றைத் திரையில் 10 மடங்கு பெரிதாக்கி, அது சின்னஞ்சிறு புள்ளியாகும் வரை வளையத்தைத் திருப்புங்கள். வளையத்தைக் கடைசி வரை தள்ளினால் தூரம் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். பல லென்ஸ்கள் அதையும் தாண்டித் திரும்பும். முக்காலியைக் கரையில் வையுங்கள். ஆடும் சம்பானில் நீண்ட நேர ஷட்டர் எடுபடாது.

வீட்டுப் பயிற்சி

1. எலுமிச்சைச் சோதனை. மேசையில் ஐந்து எலுமிச்சைகளைச் சாய்வாக, ஒன்றுக்குப் பின் ஒன்று 5 செ.மீ. தள்ளி வையுங்கள். கேமராவை முக்காலியில் வைத்து, துளையை முழுக்கத் திறந்து, நடுப்புள்ளியால் மூன்றாவது பழத்தைப் பிடித்து எடுங்கள். வியூஃபைண்டர் வழியாக ஐந்து, லைவ் வியூவில் ஐந்து. லைவ் வியூவில் மூன்றாவது பழம் தெளிவு, வியூஃபைண்டரில் எப்போதும் இரண்டாவது அல்லது நாலாவது தெளிவு என்றால் கோளாறு உங்கள் கையில் இல்லை. கண்ணாடிக்குக் கீழே உள்ள ஃபோகஸ் சென்சாரும் லென்ஸும் ஒத்துப்போகவில்லை. 700டி மாதிரி கேமராக்களில் இதை நாமே திருத்தும் மெனு இல்லை, சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும். அதுவரை லைவ் வியூவில் எடுங்கள்.

2. நடைச் சோதனை. தம்பியோ தங்கையோ ஒரு தட்டை ஏந்தி உங்களை நோக்கி நடந்து வரட்டும். சர்வோவில் பத்துப் படம். தட்டு தெளிவா, கண் தெளிவா என்று எண்ணுங்கள். பத்தில் ஏழு கண் வரும் வரை திரும்பச் செய்யுங்கள்.

3. பழைய படங்களில் இருபதை எடுத்து, மேலே சொன்ன நாலு வகையில் எது என்று ஒவ்வொன்றுக்கும் எழுதுங்கள். அதிகம் வருவதை முதலில் திருத்துங்கள்.

கடைசியாக

கருவறைக்குள் படம் எடுக்கும் முன் பூசாரி ஐயாவிடம் கேளுங்கள். அருள் வந்தவர் முகத்தில் பிளாஷ் அடிக்காதீர்கள். சாமி கும்பிட வந்தவர் பார்வையை மறைக்காதீர்கள்.

போன தீமிதிக்கு நானும் இரண்டு தம்பிகளும் ஒரு வேலை செய்தோம். மாலையில் வெளிச்சம் இருக்கும்போதே, கோயில் வாசலில் ஒரு நாற்காலி போட்டு, தோட்டத்துப் பெரியவர்களை ஒவ்வொருவராக உட்காரவைத்து 50 மி.மீ.யில் எடுத்தோம். ஒரே புள்ளி, கண்ணில். எஃப் 4. மொத்தம் இருபத்து மூன்று பேர். 4ஆர் அளவில் கழுவி அவரவர் கையில் கொடுத்தோம். பாட்டியோடு சேர்ந்து பால்மரம் வெட்டிய ஓர் ஆயா தன் படத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இது நல்லாருக்கு சாமி. இதையே வச்சிரச் சொல்லிர்றேன்" என்றார்.

எதற்கு வைக்கச் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது. உங்கள் ஊர்க் கோயிலிலும் அப்படிச் சிலர் இருப்பார்கள். அடுத்த திருவிழாவுக்கு முன்னால் எலுமிச்சை வாங்கிப் பயிற்சியை முடித்துவிடுங்கள்.