மனம் கேட்கும் உணவு

இரவு பதினொரு மணி. வீட்டில் அனைவரும் உறங்கிவிட்டனர். அலுவலகத்தில் கேட்ட ஒரு சுடுசொல்லோ, மாலையில் பிள்ளையோடு நேர்ந்த ஒரு சச்சரவோ மனத்தை அரித்துக்கொண்டிருக்கிறது. கால்கள் தாமாகவே சமையலறையை நாடுகின்றன. விளக்கைக்கூட ஏற்றாமல் மிக்சர் டப்பா திறக்கப்படுகிறது. வயிற்றில் பசி இல்லை; ஆயினும் டப்பா பாதியாகும் வரை கை ஓய்வதில்லை. பின்னர் எஞ்சுவது தன்மீதே ஓர் அருவருப்பு. காலையில் அந்த அருவருப்பு, 'இன்று முழுவதும் பட்டினி' என்ற தண்டனையாக மாறுகிறது. மாலைக்குள் தண்டனை உடைகிறது. இரவில் மீண்டும் அதே டப்பா.

வயிற்றின் பசி மெல்ல மெல்ல எழும். சோறும் பருப்பும் கிடைத்தால் அடங்கிவிடும். மனத்தின் பசி திடீரென எழுவது. அது சோற்றைக் கேட்பதில்லை. இனிப்பையும் எண்ணெய்ப் பண்டத்தையும் பெயர் சொல்லிக் கேட்கும். கவலை நீடிக்கும்போது உடலில் சுரக்கும் கார்டிசால் என்னும் சுரப்புநீர் இத்தகைய பண்டங்களின் மீது நாட்டத்தைப் பெருக்குகிறது என்று மருத்துவர்கள் விளக்குகின்றனர். ஆகவே இதனை வெறும் ஒழுக்கக் குறைவு என்று தள்ளிவிடுவது நியாயமாகாது.

உணவோடு நெடுங்காலம் போராடியவர் மகாத்மா காந்தி. அந்தப் போராட்டத்தை அவர் 'சத்திய சோதனை'யில் ஒளிவின்றி எழுதியுள்ளார். சிறுவயதில் ராஜ்கோட்டில் நண்பன் ஒருவனின் தூண்டுதலால் மறைவாகப் புலால் உண்டார். முதல் நாள் இரவு, தம் வயிற்றுக்குள் ஆடு கதறுவது போல உணர்ந்து தவித்தார். நாளடைவில் சுவை பிடித்துவிட்டது. ஏறத்தாழ ஓராண்டுக்குள் ஐந்தாறு முறை இவ்வாறு நிகழ்ந்தது. பின் அவர் நிறுத்தியதற்குக் காரணம் சுவை கசந்துபோனதன்று. புறத்தே உண்டுவிட்டு வந்து, பசியில்லை என்று தாயிடம் பொய் சொல்வதை அவரால் தாங்க முடியவில்லை. உணவைவிட ஒளிவே அவரை அதிகம் வாட்டியது. இருட்டில் டப்பாவைத் திறப்பவர்க்கும் இது பொருந்தும்.

1888ஆம் ஆண்டு சட்டம் பயில இங்கிலாந்து செல்லுமுன், மது, மாது, புலால் மூன்றையும் தீண்டுவதில்லை எனத் தாய்முன் உறுதி பூண்டார். லண்டனில் வயிறு நிறையாமல் நாள்கள் கழிந்தன. ஃபாரிங்டன் வீதியில் ஒரு மரக்கறி உணவகத்தைக் கண்ட அன்றுதான் இங்கிலாந்தில் முதன்முறையாக வயிறார உண்டார். அங்கே வாங்கிய ஹென்றி சால்ட்டின் நூலைப் படித்த பிறகு, அதுவரை தாய்க்காகக் காத்த விரதம் தாமே விரும்பி ஏற்ற நெறியாயிற்று. வீட்டிலிருந்து வரவழைத்த இனிப்புகளையும் மசாலாப் பொருள்களையும் கைவிட்டார். முன்பு சப்பென்றிருந்த வெறும் வேகவைத்த கீரை இப்போது ருசித்தது. சுவையின் இருப்பிடம் நாக்கு அன்று, மனமே என்று அப்போது உணர்ந்தார்.

சைவ உணவாளர் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் அவருக்கு இடம் கிடைத்தது. ஆனால் கூச்சத்தினால் கூட்டத்தில் எழுந்து பேச நா எழவில்லை. அந்தக் கூச்சத்தை அவர் பிற்காலத்தில் பழிக்கவில்லை. சொற்களைச் சிக்கனமாகக் கையாள அதுவே தமக்குக் கற்றுத் தந்தது என்று அதனைத் தம் கவசமாக ஏற்றுக்கொண்டார்.

இத்தகையவரும் ஒருநாள் வழுக்கினார். 1918ஆம் ஆண்டு சபர்மதி ஆசிரமத்திற்கு வந்திருந்தபோது அவருக்கு இலேசான வயிற்றுக்கடுப்பு. உண்ணாதிருந்தால் குணமாகும் என்பதை அவர் அறிவார். அன்று ஒரு பண்டிகை நாள். பாலும் பாற்பொருளும் கொள்வதில்லை என்பது அவருடைய விரதம். ஆகவே கஸ்தூரிபா நெய்க்குப் பதிலாக எண்ணெய் சேர்த்து, கோதுமையில் இனிப்புக் கஞ்சி சமைத்திருந்தார். ஒரு கிண்ணம் பாசிப்பயறும் எடுத்து வைத்திருந்தார். மனைவியை மகிழ்விக்கச் சிறிதளவு உண்ணலாம் என்று அமர்ந்தவர் வயிறு முட்ட உண்டார். ஒரு மணி நேரத்திற்குள் நோய் கடுமையாகி, உயிருக்கே ஆபத்தான நிலை வரை கொண்டு சென்றது. அந்தக் கஞ்சியில் விலங்குப் பொருள் ஒரு துளியும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தாவர உணவு என்ற பெயர் மட்டும் யாரையும் காப்பதில்லை. ஜிலேபியும் வறுவலும்கூடச் சைவமே!

அந்த நோயின் தொடர்ச்சியாக ஆட்டுப்பால் அருந்தவும் இசைந்தார். விரதத்தின் சொல்லைக் காத்துப் பொருளைக் கைவிட்டதாக அவரே எழுதினார். அது தம் நெஞ்சில் தைத்துக்கொண்டே இருப்பதையும் மறைக்கவில்லை. ஆனால் அதற்காகத் தம்மை வெறுத்து ஒதுங்கவுமில்லை; சில மாதங்களில், 1919இல், ரௌலட் சட்டத்தை எதிர்த்து நாடு முழுவதையும் எழுப்பினார். குறையை ஒப்புக்கொள்வது வேறு, குறைக்காகத் தன்னைத் தண்டிப்பது வேறு. கீதையின் ஆறாம் அத்தியாயமும் அளவு மீறி உண்பவனையும், உண்ணவே மறுப்பவனையும் யோகத்திற்குத் தகுதியற்றவர்களாக ஒரே வரிசையில் வைக்கிறது. டப்பாவும் மறுநாள் பட்டினியும் ஒரே நோயின் இரு முகங்களே.

சாதகர் செய்யத்தக்கது மிக எளியது. முழுத்தானியம், பருப்பு, பயறு, கீரை, காய், கனி இவற்றை வேளை தவறாமல் உண்ணல் வேண்டும். இவற்றிலுள்ள நார்ச்சத்தும் புரதமும் பசியை நெடுநேரம் தாங்கும். பட்டினியால் தளர்ந்த உடலில்தான் மனத்தின் பசி எளிதில் வெல்லும். பாலையும் விலக்குவோர் ஒன்றை மறத்தலாகாது: பி12 என்னும் வைட்டமின் தாவர உணவிலிருந்து போதிய அளவு கிடைப்பதில்லை, மருத்துவரைக் கேட்டு அதனைத் தனியே பெற வேண்டும். கட்டுக்கடங்காமல் உண்பது அடிக்கடி நேருமானால் அதுவும் மருத்துவரிடம் சொல்லத்தக்க நோயே; அதில் வெட்கத்திற்கு இடமில்லை.

டப்பாவை நோக்கிக் கை நீளும்போது, விளக்கை ஏற்றலாம். வேண்டிய அளவைத் தட்டில் எடுத்து, அமர்ந்து, 'இப்போது பசிப்பது எது?' என்று கேட்கலாம். விடை கோபமாகவோ தனிமையாகவோ இருக்கக்கூடும். அதனை வீட்டில் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்ல இயலுமானால் பாதிப் பாரம் அங்கேயே இறங்கும். அப்படியும் ஓர் இரவு தட்டு காலியாகி, டப்பாவும் காலியாகலாம். மறுநாள் காலை உணவை வழக்கமான நேரத்தில், வழக்கமான அளவில் உண்ணல் வேண்டும்.